[கலைச்சொல்] பைக் டிரெய்லர் விளக்குகள்: ‘எர்த்’ என்பதற்கு என்ன எழுதலாம்?

கொழிஞ்சாம்பாறை ஆசிரியை:

குழுவினருக்கு வணக்கம். பைக்கின் பின்னால் மாட்டும் டிரெய்லரின் விளக்குப் பழுதுகள் பற்றிய தமிழ்க் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. எங்கள் பட்டறையில் தமிழ்வழிப் பிள்ளைகளும் மலையாளவழிப் பிள்ளைகளும் சேர்ந்தே படிக்கிறார்கள். இருவர் வாயிலும் வருவது ‘எர்த்’தான். மூல நூல் அமெரிக்க நான்கு கம்பி முறையைச் சொல்கிறது: வெள்ளை எர்த், பழுப்பு டெயில் விளக்கு, மஞ்சள் இடப்பக்க இண்டிகேட்டரும் பிரேக்கும், பச்சை வலப்பக்க இண்டிகேட்டரும் பிரேக்கும். அந்த வெள்ளைக் கம்பிக்கு வரைவில் ‘புவியிணைப்பு’ என்று இருக்கிறது. சரிதானா?

மார்த்தாண்டம்:

சரியில்லை, டீச்சர். வண்டி ரப்பர் டயர்மேல் நிற்கிறது. புவிக்கும் அதற்கும் என்ன இணைப்பு? வீட்டு வயரிங்கில் எர்த் கம்பி பாதுகாப்புக்கு மட்டும், பழுது வந்தால்தான் அதில் கரண்ட் ஓடும். டிரெய்லரில் எரிகிற ஒவ்வொரு பல்பின் கரண்டும் அந்த வெள்ளைக் கம்பி வழியாகத்தான் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்ப வேண்டும். 12 வோல்ட்டில் 21 வாட் பிரேக் பல்பு ஒன்றுக்கு 1.75 ஆம்பியர். இரண்டு எரிந்தால் 3.5, டெயில் பல்புகளையும் சேர்த்தால் நாலுக்கு மேல். ‘புவி’ என்று படித்த பையன், அது இல்லாவிட்டாலும் லைட் எரியும் என்று நினைத்துவிடுவான். என் பரிந்துரை: மீள்வழி.

செங்கோட்டை:

‘புவி’ வடசொல் என்பதாலும் அது வேண்டாம். ஆனால் ‘மீள்வழி’ பாதையைச் சொல்கிறதே தவிர, கம்பி வண்டியோடு பிணைவதைச் சொல்லவில்லை. புறநானூறு 102இல் ஔவையார் உமணர் (உப்பு வணிகர்) வண்டியைச் சொல்லுமிடத்தில் ‘கீழ்மரத்து யாத்த சேம அச்சு’ வருகிறது. சேஸிஸ் என்று நாம் சொல்வதுதான் அந்தக் கீழ்மரம். ‘யாத்த’ என்றால் கட்டிய; ‘சேம அச்சு’ என்றால் மாற்று அச்சு. அந்த ‘யா’விலிருந்தே செய்யுளின் யாப்பும், உடம்பைக் குறிக்கும் யாக்கையும் வந்தன; எலும்பும் தசையும் நரம்பும் பிணைந்து கட்டுண்டதால் யாக்கை. மெக்கானிக்குகள் ‘பாடி எர்த்’ என்கிறார்களே, அதே பாடிதான் யாக்கை. எனவே ‘யாக்கைத் தொடுப்பு’. ‘சேம அச்சு’ ஸ்டெப்னிக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதையும் பாருங்கள். டிரெய்லருக்கும் ‘பின்வண்டி’ என்றோ ‘இழுவண்டி’ என்றோ இப்போதே முடிவுசெய்யலாம்.

மார்த்தாண்டம்:

ஐயா, டிரெய்லரை இப்போதைக்கு டிரெய்லராகவே விடுவோம். யாப்பு, யாக்கை விளக்கம் அருமை. ஆனால் ‘யாக்கைத் தொடுப்பைச் சுரண்டு’ என்று எழுதினால் பையன் எதைச் சுரண்டுவான்?

அதைவிடப் பெரிய சிக்கல், பட்டறையில் ‘எர்த்’ நேர்மாறான இரண்டு பொருளில் புழங்குவது.

‘எர்த் வரல’ என்றால் திரும்பும் வழி அறுந்திருக்கிறது. இடப்பக்க இண்டிகேட்டர் போட்டால் எல்லா விளக்கும் மங்கலாகச் சேர்ந்து மினுக்கும். வழி கிடைக்காத கரண்ட், இரட்டை இழை பல்பின் டெயில் இழைக்குள் புகுந்து மற்ற பல்புகள் வழியாகத் திரும்பப் பார்க்கிறது. வெள்ளைக் கம்பியை விட்டுவிட்டு, டிரெய்லரை மாட்டும் கொக்கி உருண்டை வழியாகவே எர்த் வரட்டும் என்று விட்ட வண்டிகளில் இது நிச்சயம் வரும். உருண்டையில் கிரீஸ் இருக்கும், குழியில் வண்டி குதிக்கும்போது தொடர்பு விட்டுவிடும்.

‘வயர் எர்த் ஆகுது’ என்றால் பாஸிட்டிவ் கம்பி உறை தேய்ந்து பாடியில் தட்டுகிறது. ஃபியூஸ் போகும். பிளக்கைக் கழற்றிவிட்டுப் புது ஃபியூஸ் போடுங்கள். அது போகாமல் நின்றால் பழுது டிரெய்லர் பக்கம். சட்டத்தில் வயர் நுழையும் ஓட்டையை முதலில் பாருங்கள், அங்கே வயர் உரசாமல் காக்கும் ரப்பர் வளையம் (குரோமெட்) உதிர்ந்திருக்கும்.

ஒன்று இல்லாததால் பழுது, மற்றது இருப்பதால் பழுது. இரண்டுக்கும் ஒரே சொல் கூடாது.

கொழிஞ்சாம்பாறை ஆசிரியை:

இதை நான் யோசிக்கவில்லை, நன்றி. சோதனைப் பகுதியை இப்படி மாற்றியிருக்கிறேன்; சொல்லை இதில் பொருத்திப் பாருங்கள்:

“பிரேக்கை அழுத்தியபடி, மீட்டரின் கருப்பு முனையை பேட்டரி நெகட்டிவிலும் சிவப்பு முனையை டிரெய்லர் பல்பு ஹோல்டரின் உலோகக் கூட்டிலும் வை. 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ____ கெட்டிருக்கிறது. சிவப்பு முனையைச் சட்டத்துப் போல்ட்டுக்கும், பிறகு பிளக்கின் வெள்ளைக் கம்பிக்கும் நகர்த்து. அளவு சட்டென்று குறையும் இடத்துக்குச் சற்று முன்னுள்ள இணைப்பே பழுது. ஓம் அளவை மட்டும் நம்பாதே. கம்பியில் ஒரே ஒரு இழை ஒட்டியிருந்தாலும் மீட்டர் நல்லது என்று காட்டும், 3 ஆம்பியர் ஓடும்போது அது தாங்காது. ____ சரிசெய்ய, பெயின்ட்டையும் துருவையும் பளிச்சென்று இரும்பு தெரியும்வரை சுரண்டு. வளைய லக் (கம்பி முனையில் மாட்டும் வளையம்), பல் வாஷர் வைத்து போல்ட்டை இறுக்கு. இறுக்கிய பிறகே மேலே கிரீஸ் பூசு.”

கடைசி வரியை அடிக்கோடிட்டே அச்சிடுகிறோம். எங்கள் பக்கம் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் பூசாத லக் பச்சை பூத்துவிடும்.

கூடலூர்:

கம்பம் பள்ளத்தாக்கில் விறகுவண்டிக்குக்கூட ‘சட்டம்’ என்றுதான் சொல்வோம். ‘சட்டத் தொடுப்பு’ என்று வையுங்கள். எர்த் ஆவதற்கு ‘சட்டம் தட்டல்’. கேட்டதும் புரியும்.

செங்கோட்டை:

‘சட்டம்’ என்றால் நகரத்துப் பிள்ளைக்கு நீதிமன்றம்தான் நினைவுக்கு வரும். இருந்தாலும் ‘தொடுப்பு’ நின்றதில் மகிழ்ச்சி. ‘கீழ்மரம்’ அருஞ்சொல் பட்டியலிலாவது இடம்பெறட்டும்.

கொழிஞ்சாம்பாறை ஆசிரியை:

அச்சகம் இன்றே கேட்கிறது. கூடலூர் சொன்ன ‘சட்டத் தொடுப்பு’ என்றே வைக்கிறேன். முதல் இடத்தில் ‘சட்டத் தொடுப்பு (எர்த்)’, பிறகு சொல் மட்டும். ‘சட்டம் தட்டல்’ அப்படியே. ‘கீழ்மரம்’ பட்டியலில் உண்டு, ஐயா.

மார்த்தாண்டம்:

அச்சுக்குப் போகட்டும், தடையில்லை. ஆனால் என் மறுப்பைப் பதிவுசெய்யுங்கள். ஃபைபர் உடல் டிரெய்லர்களில் விளக்கு ஃபைபரில் திருகப்பட்டிருக்கும். பல்பு ஹோல்டரிலிருந்து பிளக் வரை தனிக் கம்பியே ஓடும், சட்டத்தை எங்கும் தொடாது. அந்த வண்டியில் ‘சட்டத் தொடுப்பு கெட்டிருக்கிறது’ என்று படித்த பையன், இல்லாத போல்ட்டைத் தேடிக்கொண்டு சட்டம் முழுக்கச் சுரண்டுவான். பக்கம் ஐந்தில் உள்ள படம் அப்படிப்பட்ட டிரெய்லர்தான். அந்த ஒரு பக்கத்திலாவது ‘மீள்வழி’ என்று போடுங்கள்.