பிள்ளைகள் விஷயத்தில் அப்பாவை எப்படி உள்ளே இழுப்பது?

கம்பத்துப் பொண்ணு (குமுளி):

எனக்குச் சொந்த ஊர் கம்பம், வாக்கப்பட்டது கேரளத்துக் குமுளிப் பக்கம். வீட்டுக்காரர் ஏலக்காய் ஸ்டோரில், அதாவது காயை உலர்த்துகிற இடத்தில் வேலை பார்க்கிறார். நல்ல மனுஷன், குடி கிடையாது, சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கையில் கொடுத்துவிடுவார். ஆனால் பிள்ளைகள் எதைக் கேட்டாலும் "அம்மாகிட்ட போ" என்பதோடு சரி. பையன் மூன்றாம் வகுப்பு, பாப்பாவுக்கு ஒன்றரை வயது. காய் எடுப்பு நடக்கிற மாதங்களில் சாயங்காலம்தான் பச்சைக்காய் வந்து இறங்கும், கழுவி ட்ரையரில் ஏற்றிவிட்டால் விடிய விடிய சூடு பார்க்கவேண்டும், கொஞ்சம் கூடிப்போனாலும் காயின் பச்சை நிறம் போய்விடும். காலையில் வந்து விழுந்தால் மத்தியானம்தான் எழுந்திருப்பார், அதை நான் குறை சொல்லவே மாட்டேன். எடுப்பு ஓய்ந்த பிறகும் அதே கதைதான் என்பதுதான் என் வருத்தம். கடைத்தெரு, இல்லையென்றால் போன்.

இதில் எனக்கு மலையாளம் எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்க வராது. பள்ளியிலிருந்து வருகிற நோட்டீஸ் மலையாளத்தில்தான் வருகிறது. அவர் இங்கேயே பிறந்து படித்தவர், ஆனாலும் பையன் மலையாளப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுச் சேச்சியிடம்தான் போகிறான். அப்பாவிடம் கேட்பதையே விட்டுவிட்டான். சண்டை போட்டும் பார்த்தாயிற்று. மாமியாரிடம் சொன்னால் "ஆம்பளைன்னா அப்படித்தான், எங்க காலத்துல இதெல்லாம் யார் கேட்டா" என்கிறார். உங்கள் வீடுகளில் என்ன செய்தீர்கள்?

மலைக்காட்டுக்காரன் (மூணாறு):

தங்கச்சி, சண்டை வேண்டாம். "கொஞ்சம் உதவி பண்ணுங்க" என்று கேட்கவும் வேண்டாம், உதவி என்றாலே அது உங்கள் வேலை, அவர் போனால் போகிறது என்று கை கொடுக்கிறார் என்றாகிவிடும். ஒரே ஒரு பொறுப்பை அடியிலிருந்து நுனிவரை அவரிடம் விட்டுவிடுங்கள். எங்கள் லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில், பொம்பளைகள் காலையிலேயே கொழுந்து பறிக்கப் போய்விடுவார்கள், ஃபேக்டரியில் ஷிப்ட் பார்க்கிற ஆம்பளைகள்தான் பிள்ளைகளைக் கிளப்பி அனுப்பவேண்டும். யாரும் வகுப்பு எடுத்துச் சொல்லித்தரவில்லை, செய்து செய்துதான் வந்தது.

உங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பு மலையாளம்தான். அது உங்களுக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும், இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. இனிமேல் சேச்சி வீட்டுக்கு அனுப்பாதீர்கள், நோட்டீஸ் வந்தால் பையன் கையாலேயே அவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். அவர் தூங்கி எழுந்து டீ குடிக்கிற நேரம் பார்த்துக் கொடுக்கட்டும், வந்ததும் வராததுமாக வேண்டாம்.

ஊசி போடும் அக்கா (வண்டிப்பெரியாறு):

பாப்பாவுக்கு ஒன்றரை வயது என்றால் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். 16 மாதத்திலிருந்து 24 மாதத்துக்குள் டிபிடி (தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னிக்கு) பூஸ்டர், எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லாவுக்கு) இரண்டாம் தவணை, போலியோ சொட்டு எல்லாம் இருக்கிறது. புதன்கிழமைதான் ஊசி நாள். அன்றைக்கு அவர் தூக்கிக்கொண்டு வரட்டும், நீங்கள் கூட வராதீர்கள். ஊசிக்கு வருகிற பிள்ளைகளை அம்மா அல்லது பாட்டிதான் தூக்கி வருகிறார்கள், அப்பா வந்தாலும் பைக்கை வெளியே நிறுத்திவிட்டு அங்கேயே நிற்பார். உள்ளே கூப்பிட்டு, மடியில் எப்படிப் பிடிக்கவேண்டும், ராத்திரி காய்ச்சல் வந்தால் எந்த மருந்து எவ்வளவு என்று அவரிடமே சொல்லி அனுப்பினால் அன்றைக்கு ராத்திரி அவர்தான் எழுந்து தொட்டுப் பார்ப்பார். நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் ஒன்று. அவர் செய்கிறபோது பக்கத்தில் நின்று "அப்படி இல்ல, இப்படி" என்று சொல்லாதீர்கள். சட்டையைத் திருப்பிப் போட்டுக் கூட்டிப்போனாலும் பரவாயில்லை.

ரயில்வேக்காரர் (புளியரை):

எல்லோரும் சொல்வது சரிதான், ஆனால் இது எங்கே ஆரம்பிக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. நம் பக்கம் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். மூன்று மாதம், ஐந்து மாதம் பிள்ளை அங்கே இருக்கும், அப்பா ஞாயிற்றுக்கிழமை ஆப்பிள் வாங்கிக்கொண்டு போய் விருந்தாளியாக உட்கார்ந்துவிட்டு வருவார். பிள்ளை எந்த அழுகைக்குப் பால் கேட்கிறது, எதற்கு வயிறு வலிக்கிறது என்று அம்மாவுக்கும் பாட்டிக்கும் அத்துப்படி, இவருக்குத் தூக்கவே பயம். திரும்பி வரும்போது அவர் வெளியாள் ஆகிவிடுகிறார், அந்த இடைவெளி அப்படியே வளர்கிறது.

மத்திய அரசு ஊழியர் என்பதால் எனக்கு 15 நாள் தந்தை விடுப்பு உண்டு, குழந்தை பிறந்து ஆறு மாதத்துக்குள் எடுக்கலாம். அதை எடுத்துக்கொண்டு தென்காசியில் மாமனார் வீட்டிலேயே போய் இருந்தேன். மருமகன் துணி அலசுகிறான் என்று மாமனாருக்குச் சங்கடம், பின்கட்டில் நின்று அலசச் சொன்னார், முன்வாசல் பைப்படியில்தான் அலசினேன். ராத்திரி ஏப்பம் விடவைப்பது என் வேலை. தோளில் போட்டு முதுகைத் தடவிக்கொண்டே நடந்தால் சில சமயம் முக்கால் மணி நேரம் ஆகும், அப்போதுதான் என் பிள்ளை என்கிற நினைப்பே வந்தது. இப்போது ஆறு வயது, ராத்திரி பயந்து எழுந்தால் என்னைத்தான் கூப்பிடுகிறாள்.

ஆனால் ஸ்டோரிலும் தோட்டத்திலும் வேலை செய்கிறவருக்கு இந்த 15 நாளை யார் கொடுப்பார்? 2017-ல் மகப்பேறு விடுப்பை 26 வாரமாக்கினார்கள், மிக நல்ல விஷயம், அந்தச் சட்டத்தில் அப்பாவுக்கு ஒரு நாள்கூட இல்லை. 2023-ல் எங்கள் மாவட்டத்துக் காவல் ஆய்வாளர் ஒருவரின் வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, தந்தை விடுப்புக்குச் சட்டம் வேண்டும் என்றே சொன்னது. அப்பாக்களைத் திட்டுகிற நேரத்தில் இதையும் கேட்கவேண்டும்.

தமிழ் மீடியம் டீச்சர் (பீருமேடு):

ரயில்வே அண்ணன் சொன்னது முழுக்க உண்மை. பள்ளி பக்கமும் தப்பு இருக்கிறது. எங்களிடம் பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் கழகம்) இருக்கும், தனியாக மதர் பி.டி.ஏ.வும் இருக்கும், வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் பார்த்தால் முக்கால்வாசி அம்மாக்களின் நம்பர். பிள்ளைக்குத் தலைவலி என்றால் கை தானாக அம்மா நம்பரைத்தான் தட்டும். அதனால் நான் இப்போது அட்மிஷன் போடும்போதே அப்பா நம்பரையும் வாங்கிக் குரூப்பில் சேர்த்துவிடுகிறேன். கூட்டத்துக்கும் "பெற்றோர் வரவும்" என்று எழுதுவதில்லை, அப்படி எழுதினால் அம்மாதான் வருவார், இன்னாருடைய அப்பா வரவும் என்று எழுதுகிறேன். வந்தவர்கள் பின்பெஞ்சில் கதவோரம் உட்காருவார்கள், பிள்ளையின் நோட்டைக் கையில் கொடுத்ததும் பேச்சு வந்துவிடும். போன தடவை ஒரு ஜீப் டிரைவர், மகள் வரைந்த வண்டிப் படத்தைப் பார்த்துவிட்டு நம்பர் பிளேட்டுவரை சரியாகப் போட்டிருக்கிறாள் என்று எல்லோரிடமும் காட்டினார்.

கம்பத்துப் பொண்ணு (குமுளி):

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ரயில்வே அண்ணன் சொன்னது அப்படியே எங்கள் கதை, பையனோடு நான் ஐந்து மாதம் கம்பத்தில்தான் இருந்தேன். அட்டையை எடுத்துப் பார்த்தேன், பாப்பாவுக்கு இந்த ஊசி இன்னும் போடவில்லை, வருகிற புதன் அவர்தான் கூட்டிப்போகிறார். டீச்சர், நம்பர் மாற்றுவதற்கு நான் பள்ளிக்கு நேரில் போகவேண்டுமா?

தமிழ் மீடியம் டீச்சர் (பீருமேடு):

வேண்டாம் தங்கச்சி, பையன் டைரியில் எழுதிக் கொடுத்தால் போதும். அதையும் மலையாளத்தில் அவரையே எழுதச் சொல்லுங்கள்.