6ஆம் வகுப்பு மகளுக்கு ஊசி: மாமியாரை எப்படிச் சமாளிப்பது?

கொழுந்துக்காரி (ஹட்டன் பக்கம்):
மகளுக்கு எச்.பி.வி. ஊசி போடச் சம்மதக் கடிதம் பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிட்டிருக்கிறார்கள். "பிள்ளை தங்காமல் பண்ணுகிற ஊசி" என்று மாமியார் அதை ஒளித்து வைத்துவிட்டார். லயத்து வரிசை வீடுகள் முழுக்க இதே பேச்சு. கைக்குழந்தையில் எல்லா ஊசிக்கும் தூக்கிக்கொண்டு போனவரே அவர்தான்! என்ன சொல்வது?

பண்டாரவளை அக்கா:
தங்கச்சி, படிக்காதவர் என்று அவரை ஒதுக்காதீர்கள். பிரசவம் முடிந்த கையோடு கருத்தடை ஆபரேஷனுக்கு நெருக்கிய கதைகளைத் தோட்டத்தில் கேட்டு வளர்ந்த தலைமுறை அது. அந்தப் பயம்தான் பேசுகிறது. இந்த ஊசி வேறு. கருப்பை வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவரும் எச்.பி.வி. என்கிற வைரஸைத் தடுப்பது, பிள்ளைப்பேற்றைத் தொடாது. 2017 முதல் நம் இலங்கையில் 6ஆம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கு இலவசமாகப் போடுகிறார்கள். மிட்வைஃப் மிஸ்ஸை வீட்டுக்கே கூப்பிடுங்கள். நீங்கள் பேசாதீர்கள், மாமியார் கேட்கட்டும்.

மலைச்சாரல்:
கை வலிக்கும், சிலருக்கு லேசாகக் காய்ச்சல். சில பிள்ளைகள் ஊசியைப் பார்த்தே மயங்கிவிடும். பாதி வதந்தி அங்கேதான் பிறக்கிறது. வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள்.

ரிட்டயர் கங்காணி:
35 வயதானால் உங்களுக்கும் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பாப் பரிசோதனை உண்டு, அதுவும் இலவசம். அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம், போய்விடும் என்று யார் போகிறார்கள்? தோட்டத்தை நடத்தும் துரைமார் இதற்கு நேரம் விட வேண்டும்.

கொழுந்துக்காரி:
சரி, மிஸ் வியாழக்கிழமை வருகிறார். சிங்களப் பிள்ளைகளுக்கும் இதே ஊசிதானா என்று மாமியார் இப்போதே கேட்கிறார்.

பண்டாரவளை அக்கா:
அதே ஊசிதான். மிஸ்ஸிடமும் கேட்கச் சொல்லுங்கள்.