வாகைகுளத்துல ஓடுபாதை முடிஞ்சுபோன அந்த நொடி: விமானமா, விண்கலமா, எது உங்களை உலுக்குச்சு?

பாளையங்கோட்டை

ரெண்டு வாரமா உறுத்திக்கிட்டே இருக்கு, அதான் எழுதுதேன். எலீட் டேஞ்சரஸ்னு ஒரு விண்கல கம்ப்யூட்டர் விளையாட்டு, அதுல ஆறு வருஷமா ஓட்டுதேன். கப்பலைத் தானா நிலைநிறுத்துற ஃப்ளைட் அசிஸ்டை அணைச்சுட்டு, சுத்திக்கிட்டே இருக்கிற நிலையத்தோட வாசலுக்குள்ள கப்பலை உரசாம கொண்டுபோய் இறக்குவேன். அந்தத் தைரியத்துலதான் கம்ப்யூட்டர்ல விமானம் ஓட்டுற ஃப்ளைட் சிமுலேட்டர்ல ஏடிஆர் 72-ஐ எடுத்தேன், ப்ரொப்பல்லர் வச்ச பயணிகள் விமானம். சென்னையில இருந்து வாகைகுளம். நம்ம தூத்துக்குடி விமான நிலையம்தான்.

எங்க ஊரைக் குனிஞ்சு பார்த்துக்கிட்டே இறங்கணும்னு ஆசை. அதனால பாளையங்கோட்டைக்கு மேல வந்து கிழக்கே பார்த்து நேரா ரன்வே 10-க்கு இறங்கினேன். என் சிமுலேட்டர்ல இருக்கிறது பழைய ஓடுபாதை, 1,351 மீட்டர். இப்போ நிஜத்துல 3,115 மீட்டர் ஆக்கிட்டாங்க. எடுத்திருந்தது ஆடி மாசத்து நேரடி வானிலை. மேக்காத்து முதுகுல தள்ளுது. அது என் புத்தியிலயே ஏறலை.

வேகக் காட்டியில 110 நாட். சரியான வேகம். அதுலயே கண்ணை வச்சிருந்தேன். தலையைத் தூக்கிப் பார்த்தா பனைமரம் எல்லாம் பறக்குது. சக்கரம் தரையைத் தொட மாட்டேங்குது. தொட்டப்போ பாதி ரன்வே போயிட்டு. பிரேக்கை முழுசா அமுக்கிப் பிடிச்சேன். வெள்ளைக் கோடு எல்லாம் முடிஞ்சு, செம்மண்ணு வந்துட்டு. திரை அப்படியே நின்னுட்டு.

உறுத்துறது இதுதான். 2019-ல நிஜமாவே இதே ஏடிஆர்ல அம்மாவைக் கூட்டிக்கிட்டு வாகைகுளத்துல இறங்கினேன். சக்கரம் பட்ட உடனே ப்ரொப்பல்லர் திருப்பிப் போட்ட சத்தம், உடம்பு முன்னால சாயுது, அம்மா என் மணிக்கட்டை நகம் பதியப் பிடிச்சிருந்தாவ. அன்னைக்கு ‘என்னம்மா இதுக்குப் போய்’னு சொன்னேன். முன்னால உக்கார்ந்திருந்த விமானி என்ன வேலை பார்த்தாருன்னு இப்போதான் தெரியுது.

விண்வெளியில ஒரே ஒரு வேகம்தான், எந்த இடத்துக்குப் போறோமோ அதை வச்சு. விமானத்துல காத்துக்கு ஒரு வேகம், தரைக்கு ஒரு வேகம். வேகக் காட்டி காட்டுறது காத்துக்கான வேகத்தை. இந்த வித்தியாசத்தை எனக்கு எந்த விண்கலமும் சொல்லித் தரலை. உங்களுக்கு இப்படி நடந்ததைச் சொல்லுங்க.

வள்ளியூர்

எனக்கு நேர் எதிர். விமானம் பழகின கை என்னுது. கெர்பல்ங்கிற ராக்கெட் விளையாட்டுல மாட்டிக்கிட்டேன்.

80 கிலோமீட்டர் உயரம், ஒரே சுத்துப்பாதை. எனக்கு 40 கிலோமீட்டர் முன்னால என் இன்னொரு கலம் போவுது. எரிபொருள் தீர்ந்த கலம், உள்ள மூணு பேர். பிடிக்கணும்னா என்ன செய்வோம்? மூக்கை அதைப் பார்த்துத் திருப்பி எஞ்சினைத் தட்டுவோம். நொடிக்கு 20 மீட்டர் வேகம் கூட்டினேன். இடைவெளி 39 கிலோமீட்டர். 38. 37. அப்புறம் நின்னுச்சு. 37-லயே கொஞ்ச நேரம் நின்னு, 38 ஆச்சு. இன்னும் தட்டினேன். 45. இன்னும் தட்டினேன். ராத்திரி ரெண்டு மணிக்கு 130 கிலோமீட்டர்னு காட்டுது, முன்னால போற கலம் தலைக்குக் கீழே ஓடிப்போயிட்டு.

வேகம் கூட்டினா பாதை உயரும். உயர்ந்தா சுத்தி வர நேரம் கூடும். அப்போ நாம பின்தங்கிருவோம். முன்னால போறதைப் பிடிக்க வேகத்தைக் குறைக்கணும், கீழே இறங்கி உள்வட்டத்துல ஓடணும். இதைப் படிச்சுத் தெரிஞ்சுக்கலாம். கைக்குத் தெரியாது. 1965 ஜூன்ல ஜெமினி 4-ல ஜேம்ஸ் மெக்டிவிட் இதே தப்பைத்தான் நிஜமா செஞ்சாரு. தன்னைக் கொண்டுவந்த ராக்கெட்டோட இரண்டாம் கட்டம் கண்ணெதிரே மிதக்குது, அதை நோக்கித் தள்ளத் தள்ள அது விலகிப் போச்சு. கடைசியில எரிபொருள் போவுதுன்னு விட்டுட்டாங்க.

2025 ஜனவரியில, விண்வெளியில ரெண்டு கலத்தை இணைச்சுப் பார்க்கிற இஸ்ரோவோட ஸ்பேடெக்ஸ் சோதனையில, ரெண்டு கலமும் நெருங்கிட்டு இருந்தப்போ எதிர்பார்த்ததைவிட அதிகமா விலகுதுன்னு இணைப்பைத் தள்ளி வச்சாங்க. செய்தியை வாசிச்சப்போ எனக்கு அந்த 37 ஞாபகம் வந்துட்டு. ஒரு வாரம் கழிச்சு 16-ம் தேதி சேர்ந்துச்சு. எங்க மொட்டைமாடியில நின்னா இஸ்ரோ ராக்கெட் எஞ்சின் சோதிக்கிற மகேந்திரகிரி தெரியும். அன்னைக்குச் சாயங்காலம் அந்த மலையைப் பார்த்துக்கிட்டே நின்னேன்.

அந்த மூணு பேரை இன்னும் மீட்கலை.

தென்காசி

வள்ளியூர்த் தம்பி மனசுல வச்சுக்காதீங்க, ஆனா விமானத்தையும் விண்கலத்தையும் ஒரே தராசுல வைக்க முடியாது.

முதல்ல என் கதை. ஜூலை மாசம், நேரடி வானிலை, செஸ்னா 172-ங்கிற சின்ன ஒத்தை எஞ்சின் விமானம். தென்காசியில இருந்து ஆரியங்காவுக் கணவாய் வழியா திருவனந்தபுரம். மலை நெருங்குது, நான் ஏறிக்கிட்டேதான் இருக்கேன்னு நினைச்சேன். ஏற்றக் காட்டியில நிமிஷத்துக்கு 400 அடி இறக்கம். எஞ்சின் முழு வேகத்துல ஓடுது. காத்து அந்தப் பக்கம் மலையேறி இந்தப் பக்கம் வழியுது, நான் அந்த வழியலுக்கு அடியில இருக்கேன். மூக்கைத் தூக்கினேன். இன்னும் தூக்கினேன். இறக்கை தூக்குவிசையை இழக்கப்போவுதுன்னு எச்சரிக்கிற ஸ்டால் ஹார்ன் கத்துச்சு. இடது இறக்கை சாய்ஞ்சது. அவ்வளவுதான். பின்னால தென்காசிச் சமவெளி முழுக்கத் திறந்து கிடந்தது, திரும்பியிருந்தா போதும். குத்தால மலையைச் சின்ன வயசுல இருந்து பார்த்தவன் நான். சாரல் காத்து எப்படி இறங்கும்னு தெரிஞ்ச எனக்கே அந்த நேரத்துல தோணலை.

இப்போ விஷயத்துக்கு வாறேன். கெர்பல்ல அந்தக் கிரகத்தோட ஆரம் 600 கிலோமீட்டர். பூமிக்கு 6,371. சுத்துப்பாதை வேகம் அங்க நொடிக்கு ரெண்டேகால் கிலோமீட்டர் சொச்சம், நிஜத்துல 7.8. பத்துல ஒரு பங்கு உலகத்தை வச்சுக்கிட்டு நிஜம்னு சொல்லலாமா? அதுலயும் ஒரு நேரத்துல ஒரு கோளோட ஈர்ப்பைத்தான் கணக்குல எடுக்கும். நம்ம ஆதித்யா-எல்1 2024 ஜனவரியில போய்ச் சேர்ந்துச்சே, பூமியில இருந்து 15 லட்சம் கிலோமீட்டர்ல, சூரியனோட இழுப்பும் பூமியோட இழுப்பும் சேர்ந்து கலத்தைப் பூமிகூடவே சூரியனைச் சுத்த வைக்கிற இடம். அப்படி ஒரு இடமே அந்த விளையாட்டுல கிடையாது. எலீட்ல ஃப்ளைட் அசிஸ்ட் போட்டா கப்பல் வெற்றிடத்துல விமானம் மாதிரித் திரும்பும், வேகத்துக்கு உச்சவரம்பு வேற உண்டு. எந்தக் காத்து தடுக்குது?

எல்லாத்துக்கும் மேல, தம்பி ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் யோசிச்சீங்க இல்ல? யோசிக்க நேரம் கிடைச்சது. நிறுத்தி வச்சுட்டுக் காப்பி குடிக்கலாம். ஹார்ன் கத்தினதுக்கும் இறக்கை சாய்ஞ்சதுக்கும் நடுவுல எனக்கு மூணு நொடி கூட இல்லை. கஷ்டம்னா அதுதான்.

வள்ளியூர்

தென்காசி அண்ணாச்சி, சிமுலேட்டரையும்தான் நிறுத்தி வைக்கலாம். நீங்க நிறுத்தலை, நானும் நிறுத்தலை.

நிஜ அளவுச் சூரியக் குடும்பத்தைக் கெர்பல்ல சேர்க்க மாட் இருக்கு, ரசிகர்கள் எழுதின கூடுதல் நிரல். எல்லாக் கோளோட ஈர்ப்பையும் சேர்த்துக் கணக்குப் போட பிரின்சிப்பியான்னு ஒரு மாட் இருக்கு, அதைப் போட்டா எல்1 வரும். கிரகத்தோட அளவு சின்னதா இருக்கலாம். ‘தள்ளினா விலகும்’ங்கிறது சின்ன கிரகத்துலயும் அதேதான். உங்களுக்கு மூணு நொடியில தப்பு தெரிஞ்சுபோச்சு. எனக்குத் தப்பு செஞ்சது பதினோரு மணிக்கு, தெரிஞ்சது ரெண்டு மணிக்கு. அந்த மூணு மணி நேரமும் சரியாத்தான் போறேன்னு நம்பிக்கிட்டு இருந்தேன். அது வேற வகைக் கஷ்டம் அண்ணாச்சி. சின்னதுன்னு சொல்லாதீங்க.

நாங்குநேரி

எனக்கு நடந்தது சின்னது. ரன்வேக்கு இருபது அடி மேல இருக்கும்போது கரண்டு போயிட்டு. கை மட்டும் இருட்டுல ஜாய்ஸ்டிக்கை இழுத்துப் பிடிச்சிருந்தது. அஞ்சு நிமிஷம் விடலை.

பாளையங்கோட்டைத் தம்பிக்குச் சிலது சொல்லணும். மூணு டிகிரி சரிவுல இறங்கும்போது தரை வேகத்தை அஞ்சால பெருக்கினா நிமிஷத்துக்கு எத்தனை அடி இறங்கணும்னு வந்துரும். 110-க்கு 550. உங்களுக்குத் தரை வேகம் 128-ன்னு வச்சா 640. சரிவு சரியா இருந்தும் இறக்கம் 640 காட்டினா காத்து பின்னால இருக்குன்னு அர்த்தம். வேகக் காட்டி சொல்லாததை இறக்கக் காட்டி சொல்லிரும். 500 அடியில வேகம், சரிவு, நேர்கோடு மூணும் அடங்கலைன்னா யோசிக்காம மேல ஏறிரணும், அதுல வெட்கம் கிடையாது. இறங்குறதுக்கு முன்னால மீட்டார், அதாவது விமான நிலையத்தோட வானிலை அறிக்கையை, வாசிங்க. 270 டிகிரியில, அதாவது மேற்கில இருந்து காத்துன்னா, அதே ஓடுபாதையில எதிர்ப்பக்கமா இறங்குற 28-தான் உங்க ரன்வே, ஊரைப் பார்க்கிற ஆசையைப் புறப்படும்போது தீர்த்துக்கிடுங்க. மிதக்கும்போது மூக்கைக் கீழே அமுக்காதீங்க, முன்சக்கரம் முதல்ல பட்டுரும். ஜாய்ஸ்டிக்ல நடு இடத்துக்கு உணர்திறனைக் கொஞ்சம் குறைச்சு வைங்க, குச்சி அசைஞ்சும் விமானம் அசையாத அந்த டெட்சோனை ரெண்டு மூணு சதவீதத்துக்கு மேல வைக்காதீங்க. வால் சுக்கானைக் காலால திருப்புற ரடர் பெடல் இல்லைன்னா குச்சியைத் திருகி ஓட்டுறதுக்குத் தனியா அரை மணி நேரம் பழகுங்க. முதல்ல செஸ்னாவுல நூறு தடவை இறக்கிட்டு ஏடிஆரைத் தொடுங்க. யூபிஎஸ் ஒண்ணு வாங்கிருங்க.

பாளையங்கோட்டை

அண்ணாச்சி, அக்கறைக்கு நன்றி. எப்படி இறக்குறதுன்னு நான் கேக்கலை. அம்மா கையைப் பிடிச்சது ஏன்னு புரிஞ்சுது, அதைத்தான் சொல்ல வந்தேன். ஆனா அந்த அஞ்சால பெருக்குற கணக்கை எழுதி மானிட்டர் ஓரத்துல ஒட்டிட்டேன்.

திசையன்விளை

விமானம், விண்கலம் ரெண்டையும் ஒண்ணா அனுபவிக்கணும்னா ஆர்பிட்டர்ங்கிற விண்வெளி சிமுலேட்டர். மார்ட்டின் ஷ்வைகர் 2000-ல வெளியிட்டது, 2021-ல மூலநிரலையும் திறந்து விட்டுட்டார். அதுல விமானம் மாதிரி வந்து இறங்குற அமெரிக்க விண்வெளி ஓடம், ஷட்டில் அட்லாண்டிஸ் இருக்கு.

ஃப்ளோரிடாவுல இறங்க வேகம் குறைக்கிறது எங்க தெரியுமா? நம்ம இந்துமாக்கடலுக்கு மேல. வேகத்துல நூத்துக்கு ஒண்ணு சொச்சம்தான் குறைக்கணும். கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் கழிச்சுத் தரை. வேகம் குறைச்சதுக்கு அப்புறம் எஞ்சினே இல்லை, வெறும் சறுக்கல். பயணிகள் விமானம் மூணு டிகிரியில இறங்கும், இது இருபதுக்குப் பக்கத்துல. கல்லு விழுற மாதிரி.

அன்னைக்கு நெருப்பு எல்லாம் தாண்டி வந்துட்டேன். ரன்வே கண்ணுக்கு நேரா, நாலரை கிலோமீட்டர் நீளத்துக்கு வெள்ளையா கிடக்கு. எட்டாதுன்னு தெரிஞ்சுபோச்சு. இடது கை தானா த்ராட்டிலைத் தள்ளுது. தள்ளித் தள்ளிப் பார்க்குது. அங்க ஒண்ணுமே இல்லை. தப்பு இப்போ செஞ்சதில்லை, ஒரு மணி நேரத்துக்கு முன்னால நம்ம கடலுக்கு மேல செஞ்சது. தென்காசிக்காரர் சொன்ன மூணு நொடியும் வள்ளியூர்த் தம்பி சொன்ன மூணு மணி நேரமும் எனக்கு ஒரே இடத்துல வந்து நின்னுச்சு.

எங்க ஊர்ல இருந்து குலசேகரன்பட்டினம் பக்கம்தான். 2024 பிப்ரவரியில ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினாங்க. அங்க இருந்து செயற்கைக்கோளைச் சுமந்து முதல் ராக்கெட் கிளம்புற அன்னைக்கு நான் கடற்கரையில இருப்பேன்.

சங்கரன்கோவில்

இங்க எழுதினவங்கள்ல நான் ஒருத்திதான் நிஜ விமானத்துல கை வச்சிருக்கேன் போல. அத்தான் வேலை பார்க்கிற வெளிநாட்டுல அரை மணி நேரம், பயிற்சி விமானம், பக்கத்துல ஆசிரியர். சிமுலேட்டர்ல நாலு வருஷம் ஓட்டியிருக்கேன்னு சொன்னேன்.

ரெண்டு நிமிஷம் என்னைப் பார்த்தார். அப்புறம் தலையில இருந்த தொப்பியைக் கழற்றி என் முன்னால இருந்த கருவிகளை மூடிட்டார். வெளியே பார்னு கையைக் காட்டினார். எனக்கு வியர்த்துப்போச்சு. எண் இல்லாம விமானம் எங்க இருக்குன்னே எனக்குத் தெரியலை. கொஞ்ச நேரம் கழிச்சு எஞ்சின் சத்தம் மாறுறது கேட்டுச்சு, உட்கார்ந்த இடம் லேசா அமுங்குறது தெரிஞ்சது, மூக்கு தொடுவானத்துக்கு எவ்வளவு கீழே இருக்குன்னு பார்த்தேன். ஆயிரம் மணி நேரம் ஓட்டியும் இது மூணும் எனக்குத் தெரியாம இருந்திருக்கு.

வீட்டு நாற்காலி அசையாது. அதனால விமான சிமுலேட்டர்ல நமக்குப் பாதி செய்தி வர்றதே இல்லை, சில இடத்துல நிஜத்தைவிடக் கஷ்டமாவே இருக்கு. எஞ்சினை அணைச்சு மிதக்கிற விண்கலத்துல உடம்புக்குச் செய்தியே கிடையாது, எண் மட்டும்தான். அதனால வள்ளியூர் சொல்றது நிஜத்துக்குக் கொஞ்சம் கிட்டன்னு எனக்குத் தோணுது. தென்காசி அண்ணாச்சி கோவிச்சுக்க வேண்டாம்.

பாளையங்கோட்டை

அக்கா எழுதினதை வாசிச்சுட்டு நேத்து ராத்திரி ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்து வேகக் காட்டிக்கு மேல ஒட்டினேன். அதே காத்து, அதே ரன்வே 10, வேணும்னே. 500 அடியிலயே பனைமரம் ஓடுற ஓட்டத்துல தெரிஞ்சுபோச்சு. த்ராட்டிலைத் தள்ளி ஏறிட்டேன். கடல் பக்கம் போய்ச் சுத்தி 28-க்கு வந்து இறங்கினேன். முன்னால கொஞ்சம் ஓடுபாதை மிச்சம் இருந்துச்சு. பக்கத்துல நின்ன அம்மாகிட்ட காட்டினேன். ‘அன்னைக்கு இப்படித்தான் சாய்ஞ்சுச்சு’ன்னாவ.

வள்ளியூர், அந்த மூணு பேரு என்ன ஆனாவ?