இறக்கும்போது மட்டும் வின்ச் வழுக்குகிறது: பிரேக்கா, வால்வா?

கேள்வி:
லாரியில் பொருத்திய ஹைட்ராலிக் வின்ச், பிடிஓ (லாரி எஞ்சினிலிருந்து சக்தி எடுக்கும் அமைப்பு) ஓட்டும் பம்ப், 12 மி.மீ. கம்பி ரோப். போர்வெல்லில் 2 அங்குல ஜிஐ பைப் 20 நீளம் (120 மீட்டர்), அடியில் சப்மெர்சிபிள் பம்ப். ஏற்றும்போது லீவரை விட்டால் அப்படியே நிற்கிறது. இறக்கும்போது விட்டால் ஒரு முழம் கீழே போன பிறகுதான் நிற்கிறது. காலையில் ஆயில் குளிர்ந்திருந்தால் இன்னும் அதிகம் போகிறது. பிரேக் டிஸ்க் புதிது, கன்ட்ரோல் வால்வும் அண்மையில் மாற்றியது. பிரேக் ஸ்பிரிங்கையும் மாற்ற வேண்டுமா?

பதில் 1:
ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள். டிஸ்க் தேய்ந்து வழுக்கினால் சூடு ஏற ஏற மோசமாகும். உங்களுக்குக் குளிரில்தான் மோசம். அப்படியென்றால் பிரேக் லைனில் அழுத்தம் அடைபட்டு நிற்கிறது, கெட்டியான ஆயில் கசிந்து வெளியேற நேரம் எடுக்கிறது.

இந்த வகை பிரேக்கை ஸ்பிரிங் பிடிக்கும், ஆயில் அழுத்தம் திறக்கும். திறக்கும் அழுத்தம் இறக்கும் பக்க லைனிலிருந்து வருகிறது. ஸ்பூல் என்பது கன்ட்ரோல் வால்வுக்குள் நகர்ந்து ஆயில் வழிகளைத் திறந்து மூடும் தண்டு. புது வால்வில் சிலிண்டர் ஸ்பூல் இருந்தால், நடுநிலையில் வின்ச்சுக்குப் போகும் இரண்டு வாயும் மூடிக்கொள்ளும். அழுத்தம் போக வழியில்லாமல் பிரேக்கும் கவுன்டர்பேலன்ஸ் வால்வும் (லோடு தானாக இறங்காமல் தாங்கும் வால்வு) திறந்தே நிற்கும். வின்ச்சுக்கு வேண்டியது மோட்டார் ஸ்பூல்: நடுநிலையில் இரண்டு வாயும் டேங்குக்குத் திறந்திருக்க வேண்டும்.

பதில் 2:
சரியான கணிப்பு, ஆனால் ஆயில் டேங்குக்குத் திரும்பும் வழியிலுள்ள ரிட்டர்ன் ஃபில்டர் அடைத்திருந்தாலும் இதே கோளாறு வரும். பிரஷர் கேஜ் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். முதலில் போர்வெல்லில் தொங்கும் பைப்பைக் கேசிங் (போர்வெல்லின் வெளிக்குழாய்) வாயில் கிளாம்ப் போட்டு உட்கார வையுங்கள். எடை முழுவதும் கிளாம்புக்குப் போன பிறகு பிரேக் லைனில் 'டி' இணைப்பு போட்டு கேஜ் மாட்டுங்கள். லீவரைச் சற்றே இறக்கும் பக்கம் தள்ளி நடுவுக்கு விடுங்கள். முள் உடனே பூஜ்யத்துக்கு வர வேண்டும். வராவிட்டால் பிடிஓவை நிறுத்துங்கள். உடனே விழுந்தால் ரிட்டர்ன் பக்கம் எதிரழுத்தம். ஃபில்டரையும் ஹோஸையும் பாருங்கள். அப்போதும் மெதுவாகத்தான் இறங்கினால் ஸ்பூல்தான். உடனே பூஜ்யம் வந்தும் லோடு வழுக்கினால் மட்டும் பிரேக்கைத் திறங்கள்.

இன்னொன்று: கவுன்டர்பேலன்ஸ் திருகை இதற்காகத் திருப்ப வேண்டாம். சில தயாரிப்புகளில் வலப்பக்கம் திருப்பினால் செட்டிங் குறையும். இறுக்குவதாக நினைத்து லோடை விட்டுவிடுவீர்கள்.

கேட்டவர்:
கேஜ் போட்டுப் பார்த்தேன். பிடிஓ நின்ற பிறகும் முள் உடனே விழவில்லை, மெல்ல மெல்லத்தான் இறங்குகிறது. ஃபில்டர் சுத்தம். வின்ச்சில் லோடும் அதிகமோ என்று ஒரு சந்தேகம்.

பதில் 1:
அப்படியானால் ஸ்பூல்தான். வால்வில் அந்தப் பகுதியை மட்டும் மோட்டார் ஸ்பூலாக மாற்றினால் போதும்.

பதில் 3:
லோடு கணக்கு இது. 2 அங்குல மீடியம் ஜிஐ மீட்டருக்கு சுமார் 5.1 கிலோ, 120 மீட்டருக்கு 612. செக் வால்வு (தண்ணீர் கீழே திரும்பாமல் தடுப்பது) பிடித்திருந்தால் பைப்புக்குள் மீட்டருக்கு 2.2 கிலோ தண்ணீர். நீர்மட்டத்துக்கு மேலே உள்ளதுதான் எடை சேரும். மட்டம் 80 மீட்டரில் என்றால் 176. மோட்டார், பம்ப், கேபிள் சேர்த்து 110 என்று வைத்தால் மொத்தம் 900 கிலோவை ஒட்டி வரும். பம்ப் மணலில் புதைந்திருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. இழுவை எவ்வளவும் ஏறலாம். வின்ச் டிரம்மின் திறன் ரோப்பின் முதல் சுற்றடுக்குக்குச் சொல்லப்பட்டது. 250 மி.மீ. டிரம்மில் நான்காவது அடுக்கில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். அந்தத் திறன் லோடைவிடக் குறைவாக இருந்தால் கப்பி போட்டு இரட்டை ரோப் ஆக்குங்கள். வேகம் பாதியாகும், டிரம்முக்கு வரும் லோடும் பாதியாகும்.

பதில் 2:
ஸ்பூல் மாற்றிய பின் கிளாம்பைக் கழற்றாமல் பைப்பை இரண்டு விரல் உயரம் மட்டும் தூக்குங்கள். இறக்கும் பக்கம் ஒரு தட்டுத் தட்டி விட்டு, ரோப்பில் சாக்பீஸ் கோடு போட்டு 10 நிமிடம் பாருங்கள். கோடு நகராவிட்டால்தான் அடுத்த நீளத்தை எடுக்க வேண்டும். அதுவரை போர்வெல் வாயருகே யாரும் நிற்க வேண்டாம்.