கேம்பர் இழுக்க 2.7 டர்போவா, 5.0 வி8-ஆ? டென்வர்ல இருந்து மலை ஏறுறவங்க சொல்லுங்க

கொங்கு_டு_கொலராடோ:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இப்பத்தான் முத தடவை எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க.

நாங்க இருக்கறது டென்வர் பக்கம், அரோரா. போன வருசம் ஒரு 18 அடி ட்ராவல் ட்ரெய்லர் (வண்டிக்குப் பின்னாடி மாட்டி இழுக்கற சின்ன வீடு மாதிரி கேம்பர்) செகண்ட் ஹேண்ட்ல வாங்கினோம். ப்ரோஷர்ல வெறும் எடை 3,180 பவுண்ட்னு போட்டிருந்தான். இழுக்கறது வீட்ல ஏற்கனவே இருக்கற 3.5 லிட்டர் வி6 எஸ்யுவி, டர்போ கிடையாது, டோ லிமிட் (அதிகபட்சமா இழுக்கக்கூடிய எடை) 5,000 பவுண்ட். 5,000ல 3,180 போனா மிச்சம் தாராளமா இருக்குதேன்னு தைரியமா வாங்கியாச்சு. நெப்ராஸ்கா பக்கம் சமதரைல போய்ட்டு வந்தோம், ஒரு குறையும் சொல்ல முடியாது.

ஜூலைல ஐ-70 புடிச்சு டில்லன் போனோம் பாருங்க, அப்பத் தெரிஞ்சுது. ஃப்ளாய்ட் ஹில்லயே மூச்சு வாங்க ஆரம்பிச்சிருச்சு. ஜார்ஜ்டவுன் தாண்டி ஐசன்ஹோவர் டனலுக்கு ஏறறப்ப ஆக்சிலரேட்டர் தரையோட ஒட்டிக் கெடக்குது, ஆர்பிஎம் 5,800, ஸ்பீடு 45 தாண்ட மாட்டேங்குது, ஹசார்ட் லைட்டப் போட்டுட்டு லாரிக்காரங்களோட வலது லேன்ல ஊர்ந்துட்டே போனோம். ஊர்ல இருந்து வந்திருந்த அப்பா பின் சீட்ல இருந்து "ஏங்கண்ணு, எறங்கித் தள்ளோணுமா"ன்னு கேட்டாரு. டெம்பரேச்சர் முள்ளு வேற மெதுவா மேல ஏறுது, ஏசிய ஆஃப் பண்ணுனேன், பசங்க கத்தறாங்க.

அதனால ட்ரக் எடுத்தரலாம்னு இருக்கேன். பழைய ஃபோர்டு எஃப்-150 பிக்கப், 2021 இல்லீன்னா 2022. மூணு இஞ்சின் பார்வைல இருக்குது. 2.7 எக்கோபூஸ்ட், 3.5 எக்கோபூஸ்ட் (இந்த ரெண்டும் டர்போ வச்ச வி6), டர்போ இல்லாத 5.0 வி8. டீலர் "மலைன்னா வி8 தான் சார், சின்ன இஞ்சின போட்டு வதைக்காதீங்க"ங்கறாரு. ஆபீஸ்ல ஒரு நண்பர் 2.7 போதும்ங்கறாரு. 2.7 லிட்டர் எப்படி 5 லிட்டர் வேலைய செய்யும்னு எனக்கு மண்டைல ஏற மாட்டேங்குது. தினமும் ஆபீஸுக்கும் இதுலதான் போகோணும், போக வர 44 மைல். அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

வைகைக்கரை_வி8:

5.0 எடுங்க தலைவரே, கண்ண மூடிட்டு. நான் 6 வருசமா வச்சிருக்கேன், இது வரைக்கும் ஆயில் மாத்துனது தவிர ஒரு செலவு கிடையாது. டர்போன்னா அது ஒரு சாமான் கூட, கூட சாமான்னா கூட ரிப்பேர். போட் இழுக்குறேன் 5,500 பவுண்ட், பின்னாடி ஒண்ணு இருக்குன்னே தெரியாது. அந்த வி8 சத்தத்துக்கே குடுக்கலாம் காசு.

ஓட்டை_லாரி:

வைகைக்கரை அண்ணே, நீங்க இருக்கது ஹூஸ்டன்னு போன தடவ சொன்ன ஞாபகம். அங்க என்ன மலை இருக்கு, ஃப்ளைஓவரா? :)

கொங்கு, நான் லிட்டில்டன்ல 15 வருசமா இருக்கேன், ரெண்டு கேம்பர் மூணு வண்டி மாத்தியாச்சு. டீலர் சொன்னது பொய் இல்ல, ஆனா அது கடல் மட்டத்துக்குப் பொருந்துற உண்மை. நீங்க ஏறுறது ஐசன்ஹோவர் டனல், மேற்கு வாசல்ல 11,158 அடி. டர்போ இல்லாத இஞ்சின் ஒவ்வொரு 1,000 அடிக்கும் சுமார் 3 சதவீதம் பலம் இழக்கும், ஏன்னா சிலிண்டருக்குள்ள போற காத்தே குறைவு. டென்வர்ல வீட்டு வாசல்ல நிக்கும்போதே 15 சதவீதம் போச்சு. டனல் வாசல்ல மூணுல ஒரு பங்கு காணாம போயிருக்கும்.

இப்ப கணக்கப் பாருங்க. 5.0 வி8, பேப்பர்ல 400 ஹெச்பி, 410 டார்க் (இஞ்சினோட சுழற்று விசை). மேல போனா சுமார் 268 ஹெச்பி, 275 டார்க். 2.7 எக்கோபூஸ்ட் பேப்பர்ல 325 ஹெச்பி, 400 டார்க். டர்போ காத்த அமுக்கி உள்ள தள்ளுறதால அதுக்கு இழப்பு ரொம்பக் கம்மி, ஏதோ கொஞ்சம் குறையும். அதுவும் அந்த டார்க் 3,000 ஆர்பிஎம் பக்கத்துலயே கிடைச்சிடும், வி8 மாதிரி 5,000க்கு மேல அலற விட வேண்டியதில்ல.

உங்க வீட்டம்மாவ கேளுங்க, இன்னும் சுளுவா சொல்லுவாங்க. கேம்ப் கிரவுண்ட்ல 9,000 அடில திறந்த பானைல சோறு வடிச்சுப் பாத்திருக்கீங்களா? தண்ணி தளதளன்னு கொதிக்கும், அரிசி வேகாது, நெத்துநெத்தா நிக்கும். பானை எவ்வளவு பெரிசா இருந்தா என்ன? குக்கர் வச்சா சின்னதா இருந்தாலும் வெந்துடும். வி8 பெரிய பானை, 2.7 சின்ன குக்கர்.

உங்களுக்கு உண்மையிலேயே எவ்வளவு பலம் வேணும்னும் போட்டுப் பாத்தேன் (மெக்கானிக்கல் படிச்ச பாவத்துக்கு). ட்ரக், ஆளு, கேம்பர் எல்லாம் சேத்து 10,000 பவுண்ட்னு வைங்க. 7 சதவீத ஏத்தத்துல 60 மைல் ஸ்பீட்ல அந்த எடைய மேல தூக்கவே 112 ஹெச்பி. காத்த கிழிக்க ஒரு 45, டயர் உருள 20. கியர்பாக்ஸ் தின்றது போக இஞ்சின்ல சுமார் 210 வேணும். ஆக 2.7ல ஜம்முனு போகலாம், வி8லயும் போகலாம், ஆனா உச்சத்துல. உங்க பழைய வி6 ஒரு 295 ஹெச்பி இருக்கும்னு வச்சுக்கிட்டா மேல 200 கூட மிஞ்சாது, அதுவும் 6,500 ஆர்பிஎம் பக்கம் போனாத்தான். அப்ப 45ல போனது வண்டி மேல தப்பில்ல, அதால முடிஞ்சது அவ்வளவுதான்.

இன்னொண்ணு. அந்த 5,000 பவுண்ட் லிமிட்ட எங்க வச்சு டெஸ்ட் பண்றாங்க தெரியுமா? அரிசோனால டேவிஸ் டேம் பக்கத்து ஏத்தம், 11.4 மைல், 100 டிகிரி வெயில்ல ஏசி ஃபுல்லா போட்டு, 40 மைலுக்குக் கீழ போகக் கூடாது. கஷ்டமான டெஸ்ட் தான், ஆனா அது முடியுற இடமே 3,500 அடி சொச்சம். நம்ம டென்வர் அதுக்கு மேல இருக்கு! சில வண்டி மேனுவல்ல 1,000 அடிக்கு 2 சதவீதம் மொத்த எடைய குறைச்சுக்கோன்னு ஒரு வரி இருக்கும், அத யாரும் படிக்கிறதில்ல.

3.5 எக்கோபூஸ்ட் 400 ஹெச்பி, 500 டார்க். நல்ல இஞ்சின், ஆனா உங்க கேம்பருக்கு எலி புடிக்க யானைய வச்ச மாதிரி. நாளைக்கு 28 அடி கேம்பர் வாங்குற ஆசை இருந்தா மட்டும் பாருங்க.

வைகைக்கரை_வி8:

சரிய்யா ஃப்ளைஓவர் தான், ஒத்துக்கிறேன். ஆனாலும் 1,50,000 மைல் கழிச்சு யாரு டர்போ மாத்துறான்னு பாப்போம்.

கல்கரி_கந்தன்:

வணக்கம். நான் கல்கரியில இருக்கிறன். எங்கட பக்கம் உங்கட அளவுக்கு உயரமில்லை, கூட்னி பாஸ் எண்ட மலைக் கணவாய் எண்டாலே 1,775 மீற்றர்தான், ஆனா செங்குத்து கிடக்கு, நீட்டுக்குக் கிடக்கு. எல்லாரும் ஏறுறதப் பற்றியே கதைக்கிறியள், இறங்குறத ஒருத்தரும் கேக்கேல்லையே?

ஏறேக்க இஞ்சின் காணாட்டி மெதுவாப் போகலாம், பின்னால வாறவன் ரெண்டு வசவு பேசுவான், அவ்வளவுதான். இறங்கேக்க பிரேக் காணாட்டி கதையே வேற. நான் முதல் வருசம் கூட்னியில இறங்கேக்க டி கியரிலயே விட்டுட்டு பிரேக்க மிதிச்சு மிதிச்சு வந்தனான். பாதி வழியில மணம் வந்திட்டுது, மனிசி "என்னப்பா எரியுது" எண்டு கேக்கிறா, கண்ணாடியில பாத்தா சில்லுக்கால புகை. ஓரமா நிப்பாட்டி முக்கால் மணித்தியாலம் நிண்டம். கேம்பரில மின்சார பிரேக் இருந்தது, ஆனா அந்த பிரேக்க வாகனத்துக்குள்ள இருந்து இயக்கிற கொன்ட்ரோலர் பூட்டேல்லை. முழுக்க என்ர பிழை.

இறக்கத்தில வி8க்கு ஒரு நன்மை இருக்கு, அதையும் சொல்லவேணும். இஞ்சின் பிரேக்கிங்க்கு லீற்றர் கூட இருந்தா நல்லம், சின்ன டர்போ இஞ்சின் கால எடுத்தா அவ்வளவு பிடிக்காது. 2.7 எடுத்தா டோ ஹோல் மோடப் (பாரம் இழுக்கேக்க போடுற செற்றிங்) போட்டு, 10 கியரில 3, 4க்கு முதலே இறக்கிப் போட்டு வாங்கோ. பிரேக்க அமத்திக்கொண்டே இருக்கக் கூடாது, ஒருக்கா இறுக்கிப் பிடிச்சு ஸ்பீட்ட நல்லாக் குறைச்சிட்டு முழுசா விடவேணும், பிறகு திரும்ப. பிரேக் கொன்ட்ரோலர் இல்லாம ஒரு அடி கூட அசையாதேங்கோ.

கொங்கு_டு_கொலராடோ:

கந்தன் அண்ணா சொன்னத அப்பாகிட்ட படிச்சுக் காட்டுனேன், சிரிக்கறாரு. அவரு அந்தக் காலத்துல திம்பம் மலைல லாரி ஓட்டுனவரு, 27 கொண்டை ஊசி. "எந்தக் கியர்ல ஏறுனயோ அதே கியர்ல எறங்கு, இத நான் உனக்கு ஸ்கூட்டர் ஓட்டறப்பவே சொன்னனே"ங்கறாரு. டனல் தாண்டி சில்வர்தார்ன் எறக்கம் 8 மைலுக்குள்ள 2,000 அடிக்கு மேல விழும், பிரேக் புடிக்காம ஓடற லாரி ஒதுங்கற மணல் மேடு வேற ரெண்டு இருக்குது, அதப் பாத்தாலே வயித்தக் கலக்கும்.

நேத்து ஒரு 2.7 போய்ப் பாத்தேன். லேரியட்ங்கற சொகுசு மாடல், பனோரமிக் சன்ரூஃப், எல்லாம் வச்சது. ஓட்ட நல்லா இருந்துச்சு. கதவோரத்து மஞ்ச ஸ்டிக்கர்ல பேலோட் (ட்ரக் தன் மேல தாங்கக்கூடிய எடை) 1,480 பவுண்ட்னு போட்டிருக்குது. டோ லிமிட் 7,000க்கு மேல இருக்கறதால இது பிரச்சனை இல்லதானுங்க?

அடுப்பங்கரை_ஆன்_வீல்ஸ்:

பிரச்சனை தான் தம்பி. இந்த இடத்துல தான் எல்லாரும் ஏமாறுறாங்க, நாங்களும் ஏமாந்தோம்.

டங் வெயிட், அதாவது கேம்பர் மூக்கு உங்க ட்ரக்கோட ஹிட்ச் (இழுக்கற கொக்கி) மேல உக்கார்ற எடை, அது பேலோட்ல சேரும். கேம்பர் எடைல 10ல இருந்து 15 சதவீதம். நீங்க ரெண்டு பேரு, பசங்க ரெண்டு, அப்பா அம்மா வந்தா ஆறு பேரு, அதுவே 850 பவுண்ட். அந்த எடைய எல்லா சக்கரத்துக்கும் பரப்புற வெயிட் டிஸ்ட்ரிப்யூஷன் ஹிட்ச் ஒரு 80. அப்புறம் ட்ரக் பின்னாடி சாமான் ஏத்தற பெட்ல ஜெனரேட்டர், விறகு, சைக்கிள்னு ஏத்துவீங்க. 1,480 எங்க போச்சுன்னே தெரியாது. இஞ்சின் இழுக்கும், ஸ்பிரிங்கு தாங்காது. சன்ரூஃப், லெதர் சீட்னு ஒவ்வொண்ணும் கூடக் கூட பேலோட் குறையும். அதனால எக்ஸ்எல்டி மாதிரி சாதா மாடல், முன்னாடி பெஞ்ச் சீட் வச்சதா பாருங்க, அப்பத்தான் ஆறு பேருக்கு சீட்டே இருக்கும்! லேரியட்ல முன்னாடி கன்சோல் இருந்ததுன்னா ஆறாவது ஆள எங்க உக்கார வைப்பீங்க?

முதல்ல உங்க கேம்பர நிஜமா எடை போடுங்க. ட்ரக் ஸ்டாப்ல கேட் ஸ்கேல்னு லாரி எடை போடற மேடை இருக்கும். அந்த 3,180 எல்லாம் ஃபேக்டரில இருந்து வெளிய வந்த அன்னிக்கு. பேட்டரி, கேஸ் சிலிண்டர் ரெண்டு, ஏசி, தண்ணி ஒரு கேலனுக்கு 8.3 பவுண்ட், 30 கேலன் டேங்க்னா 250. நம்ம ஆளுங்க அதோட நிப்பாட்டுவோமா? எங்க மாமியார் வந்தப்ப இட்லி மாவு ரெண்டு டப்பா, 20 பவுண்ட் சோனா மசூரி, இரும்பு தோசைக்கல்லு, டேபிள்டாப் கிரைண்டர். கிரைண்டர்! மலைக்கு! அத இறக்கி வைக்கச் சொன்னதுக்கு ரெண்டு நாள் பேசல.

இன்னொண்ணு கேக்கறேன் கோவிச்சுக்காதீங்க. வருசத்துக்கு எத்தன தடவ டனல் தாண்டப் போறீங்க? நாலு தடவன்னா, தண்ணி டேங்க காலியா வச்சுக்கிட்டு, காலைல அஞ்சு மணிக்கே கிளம்பி, 45லயே போனா என்ன? சாமான அங்க போய் வாங்கலாம். இல்லன்னா ஹைவே 285 வழியா கெனோஷா பாஸ் போங்க, 10,000 அடி தான், ஏத்தமும் கொஞ்சம் இதம், ஃபேர்ப்ளே பக்கம் கேம்ப் கிரவுண்ட் அருமையா இருக்கும். அந்த நாலு நாளுக்காக தினமும் 44 மைல் ட்ரக் ஓட்டணுமான்னு யோசிங்க. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் ஆயிடும்.

ஓட்டை_லாரி:

அக்கா சொன்ன பேலோட் மேட்டர் நூத்துக்கு நூறு. நான் இஞ்சின் பத்தி மட்டும் பேசிட்டு அத விட்டுட்டேன்.

ஒண்ணு மறந்துட்டேன் கொங்கு, 2.7 எடுத்தா பெட்ரோல் போடும்போது கவனம். நம்ம கொலராடோல ரெகுலர்னு போட்டிருக்கது 85 ஆக்டேன், டர்போவுக்கு குறைஞ்சது 87 வேணும், அதாவது நடு பட்டன். கேம்பர் இழுக்குற அன்னிக்கு ப்ரீமியமே போட்டுடுங்க, கம்பெனியும் அதத்தான் சொல்லுது. டர்போ பலத்த விட்டுக்கொடுக்காது, ஆனா பெட்ரோலயும் விட்டுவைக்காது, மலைல கேலனுக்கு 9, 10 மைல் தான். முடிஞ்சா 36 கேலன் டேங்க் வச்ச வண்டியா பாருங்க.

கொங்கு_டு_கொலராடோ:

ஞாயித்துக்கிழமை கேம்பர எடை போட்டாச்சுங்க. தண்ணி இல்லாம, நாங்க வழக்கமா ஏத்தறதெல்லாம் ஏத்தி, 4,060. கையில சீட்ட வாங்குனதும் எனக்கே சிரிப்பு வந்திருச்சு. 880 பவுண்ட் என்னத்த ஏத்தி வச்சிருக்கோம்னு வீட்டுக்கு வந்து ஒவ்வொண்ணா எறக்கிப் பாத்தா, முந்தைய ஓனர் விட்டுட்டுப் போன செங்கல்லு மட்டும் ஒரு டப்பா நெறைய, சக்கரத்துக்கு அடில வைக்கறதுக்கு.

லேரியட்ட விட்டுட்டேன். கிரீலில ஒரு 2.7 எக்ஸ்எல்டி இருக்குது, பெஞ்ச் சீட்டு, டோ பேக்கேஜ், பிரேக் கன்ட்ரோலர் கம்பெனிலயே போட்டது, ஸ்டிக்கர்ல 1,745. ஆனா டேங்க் 23 கேலன் தான். சனிக்கிழமை போறேன், அப்பாவும் வர்றேங்கறாரு, ஓட்டிப் பாக்கோணுமாம், லைசென்ஸ் இல்லைன்னு சொன்னாலும் கேக்க மாட்டேங்கறாரு. 36 கேலன் டேங்க் அப்பறமா மாத்த முடியுமாங்க, யாராச்சும் பண்ணியிருக்கீங்களா?