மறு: ‘பேக்ஸ்டாப்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பிரெக்ஸிட், அதாவது ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் பிரிட்டன் விலகியது பற்றிய கட்டுரைக்காகத் தம்பி ‘பேக்ஸ்டாப்’புக்குத் தமிழ் கேட்டிருந்தார். அயர்லாந்துத் தீவின் எல்லையைத் திறந்தே வைத்திருக்க விலகல் உடன்பாட்டு வரைவில் எழுதிய ஏற்பாடு அது. இழையில் இதுவரை பின்தடுப்பு, பின்னரண், காப்பீட்டு ஏற்பாடு, மாற்று ஏற்பாடு என நான்கு வந்திருக்கின்றன. நான்கிலும் எனக்குச் சிக்கல் இருக்கிறது. ஐந்தாவதாக ஒன்று சொல்லப்போகிறேன். அதற்குமுன் நால்வரோடும் கொஞ்சம் வழக்காட வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> பேக் என்றால் பின், ஸ்டாப் என்றால் தடுப்பு. பின்தடுப்பு நேரானது, சுருக்கமானது. இதற்கு ஏன் இத்தனை மடல்?

ஐயா, சுருக்கம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஏற்பாடு எதையும் தடுக்க வந்ததல்ல. எல்லையில் தடுப்பு முளைக்காமல் இருப்பதற்காக வந்தது. எல்லையைப் பற்றிய கட்டுரையில் ‘பின்தடுப்பு’ என்று போட்டால் படிப்பவர் கண்ணில் முள்வேலியும் இரும்புக் குழாயும்தான் தெரியும். பின்னரணும் அப்படித்தான். அரண் என்றாலே மதிலும் அகழியும்தானே?

விஷயம் இதுதான். பிரிட்டனைச் சேர்ந்த வட அயர்லாந்துக்கும் தனி நாடான அயர்லாந்துக் குடியரசுக்கும் நடுவே சுமார் 500 கிலோமீட்டர் எல்லை. அதைக் கடக்கும் சாலைகள் 200க்கும் மேல். ஒரே குடும்பத்தின் வயல் இரண்டு நாட்டிலும் கிடக்கும். வடக்கில் கறக்கும் பாலில் கணிசமான பங்கு தெற்கே போய்ப் பதப்படும். கலவரக் காலத்தில் அங்கே ராணுவக் காவல் கோபுரங்கள் நின்றன. 1998 ஏப்ரலில் பெரிய வெள்ளி உடன்பாடு என்ற அமைதி ஒப்பந்தம் வந்தபிறகு அவை ஒவ்வொன்றாகப் போயின. இரண்டு பக்கமும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தவரை சரக்கைச் சோதிக்கவும் காரணமில்லை. ஒரே சுங்கவரி, ஒரே தர விதி.

2016 ஜூன் 23 வாக்கெடுப்பில் பிரிட்டன் விலக முடிவெடுத்தது. 51.9 விழுக்காடு விலக, 48.1 இருக்க. வட அயர்லாந்தில் மட்டும் எண்ணினால் 55.8 விழுக்காட்டினர் இருக்கவே வாக்களித்தார்கள். பிறகு பிரதமரான தெரசா மே மூன்று வாக்குறுதிகளைக் கொடுத்தார்: ஐரோப்பாவின் சுங்க ஒன்றியத்தையும் (ஒரே சுங்கவரி) ஒற்றைச் சந்தையையும் (ஒரே தர விதி) விட்டு வெளியே வருவோம், அயர்லாந்து எல்லையில் சோதனை வராது, வட அயர்லாந்துக்கும் பிரிட்டனின் மற்றப் பகுதிக்கும் நடுவே கடலிலும் எல்லை வராது. இதில் எந்த இரண்டையும் காப்பாற்றலாம். மூன்றையும் ஒருசேரக் காப்பாற்ற வழியில்லை. விதி இரண்டானால் எங்காவது ஓரிடத்தில் சரக்கைப் பார்த்துத்தானே ஆகவேண்டும்?

பேச்சு நடக்கட்டும், நல்ல வழி கிடைத்தால் மகிழ்ச்சி, கிடைக்காவிட்டால் கிடைக்கும்வரை இன்ன விதி நடப்பில் இருக்கும் என்று ஒன்றை எழுதிவைத்தார்கள். அதுதான் பேக்ஸ்டாப். 2018 பிப்ரவரியில் ஐரோப்பிய ஆணையம் எழுதிய வரைவு வட அயர்லாந்துக்கு மட்டும் பொருந்தியது. எந்தப் பிரதமரும் அதை ஏற்க முடியாது என்றார் மே. நவம்பர் வரைவில் முழு ஐக்கிய ராஜ்யமும் ஐரோப்பாவோடு ஒரே சுங்க வட்டத்தில் இருக்கும் என்று மாறியது.

> ‘காப்பீட்டு ஏற்பாடு’ என்றால் எல்லோருக்கும் உடனே புரியும். அயர்லாந்து அரசே அதை இன்சூரன்ஸ் என்றுதானே சொன்னது?

அயர்லாந்து அரசு சொன்னது என்பதாலேயே அது கூடாது என்கிறேன் அக்கா. டப்ளினும் (அயர்லாந்து அரசு) பிரசெல்சும் (ஐரோப்பிய ஒன்றியம்) அதைக் காப்பீடு என்றன. விலகலை ஆதரித்த, மேயின் சொந்தக் கட்சியான கன்சர்வேடிவ் உறுப்பினர்கள் அதையே பொறி என்றார்கள். தனியாக வெளியேறும் வழி பிரிட்டனுக்கு அதில் இல்லை, உள்ளே போனால் மாட்டிக்கொள்வோம் என்பது அவர்கள் வாதம். அது வெறும் கூச்சலும் இல்லை. அரசின் தலைமைச் சட்ட ஆலோசகர் ஜெஃப்ரி காக்ஸ், வேறு உடன்பாடு வரும்வரை அது காலவரையின்றித் தொடரும் என்றே ஆலோசனை எழுதியிருந்தார். அந்த ஆலோசனையை முழுமையாக வெளியிடாததற்காக 2018 டிசம்பர் 4 அன்று 311க்கு 293 என்ற கணக்கில் அரசே நாடாளுமன்ற அவமதிப்புக்கு ஆளானது. அப்புறம்தான் வெளியிட்டார்கள். 2019 ஜனவரி 15 அன்று மேயின் விலகல் உடன்பாடு நாடாளுமன்றத்தில் 202க்கு 432 என்று தோற்றதற்கு இந்த ஒரு ஏற்பாடு முக்கியக் காரணம்.

ஆக, ‘காப்பீடு’ என்று நாம் எழுதினால் ஒரு கட்சியின் வக்காலத்தை வாங்கிக்கொள்கிறோம். ‘பொறி’ என்று எழுதினால் மறுகட்சியினுடையதை. அகராதிக்குப் போகிற சொல்லுக்கு இது ஆகாது. இவ்வளவு நுணுக்கம் தேவையா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 2016 வாக்கெடுப்பின் வாக்குச்சீட்டில் முதலில் வைக்க நினைத்த கேள்வி, ஐரோப்பிய ஒன்றியத்தில் உறுப்பினராக இருக்க வேண்டுமா, ஆம் அல்லது இல்லை என்பது. ‘இரு’ என்ற ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு ‘விலகு’ என்பதைச் சொல்லாமல் விட்டால் கேள்வி ஒரு பக்கம் சாய்கிறது என்று 2015இல் பிரிட்டனின் தேர்தல் ஆணையம் மாற்றச் சொன்னது. அதன்படியே இரு, விலகு என்ற இரண்டும் சீட்டில் ஏறின.

> ‘மாற்று ஏற்பாடு’ போதாதா? ஒன்று சரிவராவிட்டால் இன்னொன்று.

இதுதான் நான்கிலும் ஆபத்தானது. காரணம், அந்தப் பெயரில் வேறொன்று ஏற்கெனவே இருக்கிறது. 2019 ஜனவரி 29 அன்று நாடாளுமன்றத்தில் 317க்கு 301 என்று நிறைவேறிய, கன்சர்வேடிவ் உறுப்பினர் பிரேடியின் திருத்தம் என்ன கேட்டது? பேக்ஸ்டாப்பை நீக்கிவிட்டு அந்த இடத்தில் ‘மாற்று ஏற்பாடுகள்’ வை என்றது. அதாவது பேக்ஸ்டாப்பின் எதிரிகள் அதற்குப் பதிலாகக் கேட்டதன் பெயர் அது. எல்லையில் ஆள் நிற்காமல் தொழில்நுட்பத்தாலும் வேறிடத்தில் நடக்கும் சோதனையாலும் சமாளிக்கலாம் என்பது அதன் சாரம். இரண்டுக்கும் நாம் ஒரே பெயர் வைத்துவிட்டால் தம்பியின் கட்டுரையில் ‘மாற்று ஏற்பாட்டை நீக்கி மாற்று ஏற்பாட்டைக் கொண்டுவர நாடாளுமன்றம் வாக்களித்தது’ என்று ஒரு வாக்கியம் வரும். யாருக்கு விளங்கும்?

சரி, என் பரிந்துரை: சேம ஏற்பாடு.

புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் உப்பு வணிகரான உமணரின் வண்டியைக் காட்டுகிறார். எருதுகள் இளையவை, நுகம் பழகாதவை. வண்டியிலோ பாரம் மிகுதி. பள்ளத்தில் இறங்குமோ மேட்டில் ஏறுமோ, வழியில் என்ன நேரும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் வண்டியின் அடியில் இன்னோர் அச்சைக் கட்டிக்கொண்டு புறப்படுகிறார்கள். ‘கீழ்மரத்து யாத்த சேம அச்சு.’ அதியமான் மகன் பொகுட்டெழினிக்குச் சொன்ன உவமை அது. நமக்கு வேண்டிய பொருள் அப்படியே அதில் இருக்கிறது. எடுத்துப் பூட்டாமலே ஊர் போய்ச் சேர வேண்டும் என்றுதான் கட்டுகிறார்கள். அச்சு முறிந்தால் மட்டும் அது வேலைக்கு வரும். பேக்ஸ்டாப்பை எழுதியவர்களும் இது நடைமுறைக்கு வராமலே போகட்டும் என்றுதான் சொன்னார்கள். எதிர்த்தவர்களின் கவலையோ, ஒருமுறை பூட்டினால் கழற்ற முடியாது என்பது. ‘சேம’ என்ற அடை கழற்றலாம் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. எழுதுபவர் கட்டுரைக்குள் விளக்கிக்கொள்ளலாம்.

பழஞ்சொல்லைத் தூசு தட்டுகிறேன் என்று சிலர் சிரிப்பீர்கள். இலங்கை நண்பர்கள் சிரிக்க மாட்டார்கள். ஊழியர் சேமலாப நிதி அங்கே சம்பளம் வாங்கும் எல்லோர் வாயிலும் இருக்கிற சொல். இந்தப் பக்கம் சேமிப்புக் கணக்கு இல்லாதவர் குறைவு. வடமொழி வேர் என்று ஒருவர் தனிமடலில் குறைப்பட்டார். சங்கப் பாட்டிலேயே ஏறி உட்கார்ந்த சொல்லை நான் எழுப்பி அனுப்பப் போவதில்லை. வேண்டுமானால் அவர் அனுப்பட்டும்.

‘பேக்ஸ்டாப் என்றே விட்டுவிடலாமே’ என்ற கருத்தும் வந்தது. பிரெக்ஸிட்டை அப்படி விடலாம் என்பது என் எண்ணம். அது ஒரு நிகழ்வின் பெயர். கிரேக்கம் யூரோவை விட்டுப் போகுமோ என்ற பேச்சில் 2012 பிப்ரவரியில் சிட்டி வங்கிப் பொருளாதாரர்கள் கிரீஸ், எக்ஸிட் என்ற சொற்களைச் சேர்த்துக் ‘கிரெக்ஸிட்’ என்று ஒட்டினார்கள். அதே ஆண்டு மே மாதம் பிரிட்டனைச் சேர்ந்த பீட்டர் வைல்டிங் என்பவர் அதைப் பார்த்துப் பிரிட்டனுக்கு ஒன்று ஒட்டினார். வேடிக்கை என்னவென்றால் அவர் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலேயே இருக்க வேண்டும் என்ற கட்சிக்காரர். இரண்டு கட்சியும் ஏற்றுக்கொண்ட பெயர் என்பதால் நமக்கும் வம்பில்லை. பேக்ஸ்டாப் அப்படியல்ல. விளக்கம் தேவைப்படுகிற கருத்து. எழுத்தை மட்டும் மாற்றிப் போட்டால் வாசகர் கையில் ஒன்றும் தங்காது.

போகிற போக்கில், சில கட்டுரைகளில் ‘பிரிட்டன் வெளியேற்றம்’ என்று பார்க்கிறேன். யாரோ கழுத்தைப் பிடித்துத் தள்ளிய மாதிரி இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்தின் 50ஆவது பிரிவில் இருப்பது ஓர் உறுப்பு நாடு தானாக முடிவுசெய்து விலகுவது. 2017 மார்ச் 29 அன்று கடிதம் கொடுத்ததும் பிரிட்டன்தான். ‘விலகல்’ என்றே இருக்கட்டும், விலகல் உடன்பாடு என்பதோடும் அது ஒத்துப்போகும். ‘நோ டீல்’ பிரெக்ஸிட்டுக்கு உடன்பாடற்ற விலகல் என்பதில் யாருக்கும் சண்டை இருக்காது என நினைக்கிறேன்.

இன்னொரு பொறி ‘ஒன்றியம்’. இந்தக் கதையில் ஒன்றியம் இரண்டு. ஒன்று ஐரோப்பிய ஒன்றியம். மற்றது இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து நான்கும் சேர்ந்த ஐக்கிய ராஜ்யம். வட அயர்லாந்தின் யூனியனிஸ்டுகள் இரண்டாவதன் பக்தர்கள். அவர்களை ‘ஒன்றியவாதிகள்’ என்று எழுதினால் ஐரோப்பிய ஒன்றியத்தை ஆதரிப்பவர்கள் என்று வாசகர் நினைப்பார். நடந்ததோ தலைகீழ். ஜனநாயக யூனியனிஸ்ட் கட்சி விலகலை ஆதரித்தது. 2017 தேர்தலில் பெரும்பான்மை இழந்த மே அந்தக் கட்சியின் 10 உறுப்பினர்கள் தயவில் ஆட்சி நடத்தினார். அதே கட்சிதான் சேம ஏற்பாட்டை எதிர்த்து நின்றது, வட அயர்லாந்தை லண்டனிடமிருந்து அது பிரித்துவிடும் என்ற அச்சத்தில். (தமிழ்நாட்டில் ஒன்றிய அரசு, ஊராட்சி ஒன்றியம் என்று இந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே கைநிறைய வேலை.) ஆகவே கட்சிப் பெயரில் யூனியனிஸ்ட் என்றே விடுவோம், கொள்கையைச் சொல்லும்போது ‘ஐக்கிய ராஜ்ய ஆதரவாளர்’ என்று விரித்து எழுதுவோம்.

தம்பிக்கு ஓர் எச்சரிக்கையும். மேக்குப் பின் பிரதமரான போரிஸ் ஜான்சன் 2019 அக்டோபரில் கொண்டுவந்த வட அயர்லாந்து நெறிமுறையைச் சேம ஏற்பாடு என்று எழுதிவிடாதீர்கள். வேறு வழி அமையாவிட்டால் என்ற நிபந்தனை அதில் கிடையாது. விலகியபின்னும் பழைய விதிகளே தொடர்ந்த இடைமாறு காலம் முடிந்ததும், 2021 ஜனவரி 1 முதல், அதுவே நேரடி நடைமுறை. சரக்குச் சோதனை ஐரிஷ் கடலுக்குப் போய்விட்டது. மே கொடுத்த மூன்று வாக்குறுதிகளில் மூன்றாவதைத்தான் ஜான்சன் கைவிட்டார். பிறகு 2023இல் விண்ட்சர் கட்டமைப்பு வந்து அந்தச் சோதனையைத் தளர்த்தியது. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

பதிவுக்கு இப்படி எழுதலாம் என்று நினைக்கிறேன்:

சேம ஏற்பாடு – பிரிட்டனின் விலகல் உடன்பாட்டு வரைவில் (2018) இருந்த விதித்தொகுப்பு. அயர்லாந்துத் தீவில் எல்லையைத் திறந்தே வைத்திருக்க வேறு உடன்பாடு அமையாத நிலையில், அமையும்வரை நடைமுறைக்கு வரும் என வகுக்கப்பட்டது. எடுத்துக்காட்டு: சேம ஏற்பாட்டுக்குக் காலக்கெடு வைக்க வேண்டும் என்று உறுப்பினர்கள் கோரினர்.

கடைசியாக ‘ஹார்ட் பார்டர்’. ‘கடின எல்லை’ என்று பட்டியலில் இருக்கிறது. எல்லையில் என்ன கடினம், மலையா பாறையா? அங்கே அஞ்சியது சோதனைச் சாவடியும் வரிசையில் நிற்கும் லாரியும். ‘சாவடி எல்லை’, அதற்கு எதிராகத் ‘திறந்த எல்லை’ என்று வைத்துக்கொள்ளலாமா? ‘சுங்கச் சாவடி’ மட்டும் வேண்டாம், நம்மூர் ஆட்கள் நெடுஞ்சாலையில் காசு கட்டுகிற இடம் என்று நினைத்துக்கொள்வார்கள். ஐயாவும் அக்காவும் இதற்கு மறுப்பிருந்தால் இந்த வாரத்துக்குள் சொல்லிவிடுங்கள், தம்பி கட்டுரையை அனுப்பக் காத்திருக்கிறார்.

அன்புடன்,
குழும உறுப்பினன்