நான்கு இரவு, ஒரே ஊர்: கோல்ஃப் ஆட எங்கே தங்குவது?

முகுந்தன்_14

வணக்கம். செப்டம்பர் முதல் வாரத்தில் நானும் என் அக்கா வீட்டுக்காரரும் பிரிட்டனிலோ அயர்லாந்திலோ நான்கு இரவு தங்கி கோல்ஃப் ஆடுவதாக இருக்கிறோம். மாமாவுக்கு அறுபது தாண்டிவிட்டது, ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண், கூடக் கூடத் திறன் குறைவு) 26. எனக்கு 14. அக்காவும் வருகிறார். அவர் ஆடுவதில்லை.

மாமா சொன்ன மைதானப் பட்டியல் இது: செயின்ட் ஆண்ட்ரூஸ், டர்ன்பெரி, ராயல் கவுன்டி டவுன், முடிந்தால் லஹிஞ்ச். வரைபடத்தை விரித்துப் பார்த்த அக்கா, "பெட்டி கட்டிப் பிரிக்கவே நாள் போய்விடும், ஒரே ஊரில் இருந்தால் வருகிறேன்" என்று சொல்லிவிட்டார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. எந்த ஊர் என்பதுதான் கேள்வி.

எங்கள் நிலைமை: கார் ஓட்ட விருப்பமில்லை. மாமாவின் வலது முழங்கால் கொஞ்சம் தொல்லை தருகிறது. ஒரு நாளுக்கு 18 ஹோல் (ஒரு முழு ஆட்டம்) நடப்பார், அதற்கு மேல் முடியாது. நான் 36 கூட நடப்பேன். நாங்கள் ஆடும் நேரத்தில் அக்காவுக்கும் பார்க்க ஏதாவது இருக்க வேண்டும். செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்தில் ஆட வேண்டும் என்பது மாமாவின் நெடுநாள் ஆசை. ஆனால் அங்கே குலுக்கல் முறை என்கிறார்கள். நான்கு நாளும் பெயர் வராமல் போனால் என்ன செய்வது என்று யோசனையாக இருக்கிறது. அங்கே போய் வந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

கடற்காற்று

முகுந்தன், எடின்பரோவில் பல வருடம் இருந்தவள் என்ற உரிமையில் நேராகவே சொல்கிறேன்: பக்கத்துக் கடற்கரை ஊரான நார்த் பெரிக்.

ஒரே ஊரில் தங்குவது என்று முடிவு செய்தால், அங்கே உள்ள பிரபலமான முதல் மைதானத்தை மட்டும் பார்த்து அறை எடுக்காதீர்கள். மூன்றாவது, நான்காவது மைதானம் எது, அங்கே எப்படிப் போவது என்று பாருங்கள். பெரிய மைதானத்தில் டீ டைம் (ஆட்டம் தொடங்கும் நேரப் பதிவு) கிடைக்காமல் போகும், காலையில் மழை அடிக்கும், முழங்கால் ஓய்வு கேட்கும். அந்த நாளில் பக்கத்திலேயே ஆட வேறு நல்ல இடம் இருந்தால்தான் பயணம் பயணமாக இருக்கும். டர்ன்பெரி அருமையான இடம்தான். ஆனால் கார் இல்லாமல் அங்கே இருந்துகொண்டு ட்ரூனுக்கோ பிரெஸ்ட்விக்குக்கோ போய்வருவது பெரும்பாடு. ராயல் கவுன்டி டவுன் இருக்கும் வடக்கு அயர்லாந்து நியூகாசிலுக்கு ரயிலே கிடையாது. லஹிஞ்ச், பாலிபனியன், வாட்டர்வில் வரிசை கார் உள்ளவர்களுக்கானது. ஷானன் ஆற்றைக் கடக்கவே கில்லிமரில் இருந்து டார்பர்ட்டுக்குப் படகு பிடிக்க வேண்டியிருக்கும்.

நார்த் பெரிக்குக்கு எடின்பரோ வேவர்லி நிலையத்தில் இருந்து ரயிலில் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. ஸ்டேஷனில் இருந்து வெஸ்ட் லிங்க்ஸ் மைதானத்தின் முதல் டீக்கு (ஆட்டம் தொடங்கும் இடம்) நடந்தே போகலாம். 1832-ல் தொடங்கிய கிளப் அது. கடலை ஒட்டி மேற்கே போய்விட்டு ஊருக்கே திரும்பி வரும் அமைப்பு. 13-வது ஹோலில் கிரீனுக்கு (குழி இருக்கும் புல்தரை) முன்னால் ஒரு தாழ்ந்த கல் சுவர் குறுக்கே ஓடுகிறது. பந்தை அதன் மேல் தூக்கி அடிக்க வேண்டும், அல்லது ஓரமாக ஒதுங்கி வழி தேட வேண்டும். 15-வது ஹோல்தான் ரெடான். உலகம் முழுக்க மைதானம் கட்டியவர்கள் பார்த்துப் பார்த்துச் செய்த பார் 3 (மூன்று அடியில் முடிக்க வேண்டிய) ஹோலுக்கு மூலம் இதுதான். அடுத்த ஹோலில் கிரீனையே நடுவில் ஒரு பள்ளம் இரண்டாகப் பிரிக்கிறது. 26 ஹேண்டிகேப் உள்ளவர் இங்கே துன்பப்படமாட்டார். ஒவ்வொரு ஹோலிலும் யோசிக்க ஒன்று இருக்கும்.

இப்போது மற்ற மைதானங்கள். ஊரின் கிழக்கு முனையில் க்ளென். 124 பஸ்ஸில் ஏறினால் கல்லன். அங்கே ஒரே கிளப்புக்கு மூன்று மைதானம், 1, 2, 3 என்றே பெயர். மூன்றாவது மிகச் சிறியது. மாலையில் ஆட நான் அதைத்தான் சொல்வேன். அதே பஸ்ஸில் இன்னும் கொஞ்சம் போனால் அபர்லேடியில் கில்ஸ்பின்டி: குட்டையானது, பெரும்பாலும் சமதளம், கடல் விரிகுடா ஓரம். மாமாவின் முழங்காலுக்கு ஏற்றது. கல்லன் ஒன்றாம் எண்ணில் ஆரம்பத்திலேயே குன்று ஏற வேண்டும். மேலே போனால் கடல் முழுக்கத் தெரியும், ஆனால் அதை அவர் நன்றாக ஓய்வெடுத்த நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ம்யூர்ஃபீல்டும் கல்லனில்தான். ஓபன் (பிரிட்டனின் பெரிய கோல்ஃப் போட்டி) 16 முறை நடந்த இடம். விருந்தினர்கள் செவ்வாய், வியாழன் மட்டும்தான் ஆடலாம். சீக்கிரம் நிரம்பிவிடும், ஹேண்டிகேப் வரம்பையும் எழுதிக் கேட்க வேண்டும். கிடைத்தால் ஆடுங்கள், கிடைக்காவிட்டால் கவலையே வேண்டாம்.

அக்காவுக்கு: துறைமுகத்தில் கடல் பறவை மையம் இருக்கிறது, அங்கிருந்து பாஸ் ராக் பாறையைச் சுற்றிவரப் படகு போகும். கேனெட் பறவைகள் செப்டம்பரிலும் அங்கே இருக்கும், பாறையே வெள்ளையாகத் தெரியும். டேன்டலன் கோட்டை பக்கத்தில். எதுவும் பிடிக்காவிட்டால் ரயிலேறினால் எடின்பரோ. ஆகஸ்டில் திருவிழாக் கூட்டத்தில் அறை விலை உச்சத்தில் இருக்கும். நீங்கள் அதற்குப் பிறகு வருவது நல்லது.

ஃப்ரெஷ்ஃபீல்டு ராஜன்

கடற்காற்று அக்கா சொன்ன மூன்றாவது மைதானக் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கணக்குப்படி பார்த்தால் இங்கிலாந்தின் சவுத்போர்ட்தான் முதலில் வரும். லிவர்பூல் சவுத்போர்ட் மெர்சிரெயில் பாதையை ஒருமுறை பாருங்கள். ஹில்சைடு ஸ்டேஷனில் இறங்கினால் ராயல் பர்க்டேலும் ஹில்சைடும் நடக்கும் தூரம். ஐன்ஸ்டேல் பக்கம் சவுத்போர்ட் அண்ட் ஐன்ஸ்டேல். 1933, 1937 ரைடர் கோப்பை இரண்டும் அங்கேதான். ஃப்ரெஷ்ஃபீல்டில் இறங்கினால் ஃபார்ம்பி, ஹால் ரோட்டில் இறங்கினால் வெஸ்ட் லங்காஷயர். பகலில் கால் மணிக்கு ஒரு வண்டி. கோல்ஃப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறி இறங்குவதற்கும் ரயிலில் போவதற்கும் வித்தியாசம் இருக்கிறது, முழங்கால் வலி உள்ளவருக்கு அது பெரிய விஷயம்.

ஃபார்ம்பி எனக்கு ரொம்பப் பிடித்த மைதானம். பைன் மரக்காட்டுக்குள் போய், மணல் மேட்டுக்கு வெளியே வந்து, மறுபடி காட்டுக்குள் நுழையும். அந்தக் காட்டில் சிவப்பு அணில் பார்க்கலாம். அக்காவுக்கு லிவர்பூல் நகரம் இருக்கிறது, அருங்காட்சியகம், துறைமுகம் என்று இரண்டு நாள் தாராளமாகப் போகும்.

குறை ஒன்று உண்டு: சவுத்போர்ட்டில் கடல் கண்ணில் படுவதே அபூர்வம். பர்க்டேலில் மணல் மேடுகளுக்கு நடுவே தாழ்வாக ஃபேர்வே (பந்து அடித்துப் போகும் புல்வழி) ஓடும். கடலைப் பார்த்தபடி ஆட வேண்டுமென்றால் கடற்காற்று அக்கா சொன்ன ஊர்தான்.

சண்முகம் (ஃபைஃப்)

செயின்ட் ஆண்ட்ரூஸுக்காக ஒருவராவது பேச வேண்டும் என்று வந்தேன். மாமாவின் ஆசையை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லையே.

குலுக்கலைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ஆடும் நாளுக்கு இரண்டு நாள் முன்பு பெயர் கொடுக்க வேண்டும். குறைந்தது இருவர், அதிகபட்சம் நால்வர். நீங்கள் இருவர் இருப்பதால் தகுதி உண்டு, 26 ஹேண்டிகேப் தடையே இல்லை. ஞாயிறு பழைய மைதானம் மூடியிருக்கும், ஆகவே ஞாயிறு உள்ளே வராதபடி நான்கு இரவை வையுங்கள். செவ்வாயில் தொடங்கினால் ஞாயிற்றுக்கிழமையே வீட்டில் இருந்து பெயர் கொடுத்துவிடலாம். செப்டம்பரில் சில நாட்களை ஆர் அண்ட் ஏ (அந்த ஊரின் பழைய கோல்ஃப் கிளப்) தன் உறுப்பினர்களுக்காக எடுத்துக்கொள்ளும், நாள் குறிக்கும் முன் மைதானங்களை நடத்தும் லிங்க்ஸ் டிரஸ்ட் நாட்காட்டியைப் பாருங்கள்.

பெயர் வராவிட்டாலும் நியூ (1895-ல் திறந்தது, ஆனாலும் பெயர் புதிது), ஜூபிலி, ஈடன் மைதானங்கள் எல்லாம் ஊரிலேயே, நடக்கும் தூரத்தில். கடற்காற்று அக்காவின் கணக்குக்கு இதைவிட நல்ல பதில் உண்டா? கோல்ஃப் ஆடாத அக்காவுக்கும் ஹிமாலயாஸ் என்ற பட்டிங் (பந்தை மெல்ல உருட்டிக் குழியில் போடும்) மைதானம் இருக்கிறது. 1867-ல் தொடங்கிய பெண்கள் பட்டிங் கிளப்பின் இடம், வெளியாட்களும் காசு கொடுத்து ஆடலாம். மேடும் பள்ளமுமாக இருக்கும், பட்டர் என்ற ஒரே மட்டை போதும். ரயில் லூக்கர்ஸ் வரைதான், அங்கிருந்து பஸ் சில நிமிடங்கள்.

கோல்ரெய்ன்வாசி

சுருக்கமாக: அயர்லாந்து ஆசை இருந்தால் போர்ட்ரஷ். ராயல் போர்ட்ரஷ் டன்லூஸ் மைதானத்தில்தான் 2019-ல் ஷேன் லோரி ஓபன் வென்றார், 2025-ல் மறுபடி அங்கே ஓபன் நடந்தது. அதே கிளப்பின் 'வேலி' (Valley) மைதானம் மாமாவுக்கு இன்னும் சுகமாக இருக்கும். போர்ட்ஸ்டூவர்ட் பக்கத்து ஊர். காஸில்ராக் கண்ணுக்குத் தெரியும் தூரம், ஆனால் நடுவில் பான் ஆறு இருப்பதால் கோல்ரெய்ன் சுற்றித்தான் போக முடியும். பெல்ஃபாஸ்டில் இருந்து கோல்ரெய்ன் வழியாக ரயில் உண்டு. வடக்கு அயர்லாந்து என்பதால் பவுண்டு செல்லும், பிரிட்டன் விசா போதும். டப்ளினில் இறங்குவதாக இருந்தால் அந்த நாட்டு விசா விதிகளைத் தனியாகப் பார்த்துவிடுங்கள். அக்காவுக்கு ஜயன்ட்ஸ் காஸ்வே.

முகுந்தன்_14

எல்லோருக்கும் நன்றி. மாமாவிடம் வாசித்துக் காட்டினேன். ரெடான் பற்றிய இடத்தில் நிறுத்தி மறுபடி வாசிக்கச் சொன்னார்! அக்கா பாஸ் ராக் படங்களைத் தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எங்கள் மனம் நார்த் பெரிக் பக்கம் சாய்கிறது. ஆனால் இரண்டு சந்தேகம். மாமா நடக்க முடியாமல் போனால் பக்கி (மைதானத்துக்குள் ஓட்டும் சிறு வண்டி) கிடைக்குமா? செயின்ட் ஆண்ட்ரூஸை அங்கிருந்து ஒரு நாளில் பார்க்க முடியுமா? சண்முகம் சார் சொன்னதைக் கேட்டதில் இருந்து மாமா அதை விடுவதாக இல்லை.

கடற்காற்று

பக்கியை நம்பி வராதீர்கள். ஸ்காட்லாந்து லிங்க்ஸ் (கடலோர மணல்வெளி) மைதானங்களில் நடப்பதுதான் வழக்கம். சில கிளப்புகளில் பக்கியே இருக்காது, இருக்கும் இடத்திலும் ஒன்றிரண்டுதான், டாக்டர் சான்றிதழ் கேட்பார்கள். பதிவு செய்யும்போதே மின்சார டிராலி கேட்டு வையுங்கள், அல்லது கேடி (பை தூக்கிவரும் ஆள்) வைத்துக்கொள்ளுங்கள். பை தோளில் இல்லாவிட்டாலே முழங்காலுக்குப் பாதி நிம்மதி.

இன்னொன்று முக்கியம். வெஸ்ட் லிங்க்ஸ் போய்த் திரும்பும் மைதானம். ஒன்பதாவது ஹோலில் கால் வலித்தால் கிளப் வீடு வெகு தொலைவில் இருக்கும், எப்படியும் நடந்துதான் திரும்ப வேண்டும். ஆகவே அதை முதல் நாள், கால் தெம்பாக இருக்கும்போது ஆடிவிடுங்கள். அடுத்த நாள் கில்ஸ்பின்டி. மூன்றாம் நாள் மாமாவுக்கு ஒன்பது ஹோல் போதும் என்றால், அதே ரயில் பாதையில் மசல்பரோ. ஸ்டேஷனில் இருந்து டாக்ஸி எடுங்கள். குதிரைப் பந்தய வளையத்துக்குள்ளே இருக்கும் ஒன்பது ஹோல் பழைய மைதானம். 1874-க்கும் 1889-க்கும் நடுவே ஆறு ஓபன் அங்கே நடந்தது. பழைய காலத்து ஹிக்கரி மட்டைகளை வாடகைக்கு எடுத்தே ஆடலாம். நீங்கள் 36 ஆட நினைத்தால் அன்றைக்கு விடியற்காலையில் க்ளென்னில் ஒரு ரவுண்டு போட்டுவிட்டு அவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள். செப்டம்பர் முதல் வாரத்தில் மாலை ஏழரை வரை நல்ல வெளிச்சம் இருக்கும்.

செயின்ட் ஆண்ட்ரூஸ் போய்வரலாம். எடின்பரோவில் ரயில் மாறி லூக்கர்ஸ், அப்புறம் பஸ். ஒரு வழிக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சண்முகம் ஞாயிறைத் தவிர்க்கச் சொன்னார். ஆட வருகிறவர்களுக்கு அது சரி. நீங்கள் பார்க்க மட்டும் போவதானால் ஞாயிறுதான் உகந்த நாள். பெரிய போட்டிகள் நடக்கும் ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் பழைய மைதானம் பொதுப் பூங்கா. மாமாவும் அக்காவும் கைகோத்து ஸ்வில்கன் பாலம் தாண்டி 18-வது ஃபேர்வே நடுவிலேயே நடக்கலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஆடியே தீர வேண்டும் என்று மாமா சொன்னால், நார்த் பெரிக்கை விட்டுவிட்டுச் சண்முகம் சொன்னபடி நான்கு இரவும் அங்கேயே தங்குங்கள். இரண்டு ஊரையும் பாதிப் பாதியாகப் பிரிக்க வேண்டாம்.

வெஸ்ட் லிங்க்ஸுக்கு இன்றைக்கே எழுதிப் போடுங்கள், நாட்கள் வேகமாகப் போய்விடும். டீ டைம் உறுதியான பிறகு அறை எடுங்கள். இருவரின் ஹேண்டிகேப் சான்றிதழையும் மின்னஞ்சலோடு அனுப்பிவிடுங்கள், சில கிளப்புகளில் வந்து இறங்கிய பிறகும் கேட்பார்கள்.